உம்மா அனுப்பிய கம்பளம்

உம்மா சவூதியிலிருந்து வருவதற்கு முன்பே அவருடைய கம்பளம் வந்து சேர்ந்துவிட்டது. கடல்வழியாக வந்த காகோ பெட்டிக்குள், பால்மா டின்களுக்கும் சவர்க்காரக் கட்டிகளுக்கும் நடுவில், சுருட்டிப் பொலித்தீன் சுற்றி வைத்திருந்தார்கள். கொழும்புக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்த வாப்பா, லொறியிலிருந்து இறக்கும்போது கம்பளத்தை மட்டும் தன் தோளில் வைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை தேவைக்கு அதிகமாகவே மெதுவாக நடந்தார்.

எங்கள் வீடு கற்பிட்டி வீதியில், ஒரு பக்கம் உப்புநீர்க் களப்பும் மறுபக்கம் கடலுமாக இருந்த மணல் தரையில் இருந்தது. அந்தப் பக்கத்தில் வந்தவர்களுக்குப் பாய் விரிப்பார்கள், வசதியுள்ளவர்கள் கதிரை போடுவார்கள். கம்பளம் விரித்த வீடு எங்களுடையது மட்டும்தான். கருஞ்சிவப்பு நிறம், அதில் பால் நிறத்தில் பெரிய பூக்கள். “எங்கட ஆள் கடை கடையா ஏறிப் பாத்து எடுத்த” என்று வாப்பா வருகிறவர்களிடம் சொல்வார். உண்மையில் அது உம்மா வேலை செய்த வீட்டின் ஹோலில் பல வருடம் கிடந்தது. வீட்டுக்காரி புதியதொன்றை வாங்கியபோது பழையதை உம்மாவிடம் கொடுத்துவிட்டாள். உம்மா தொலைபேசியில் இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கடை கடையாக ஏறிய கதை வாப்பாவின் சொந்தத் தயாரிப்பு.

உப்பளத்தில் வேலை செய்த வாப்பாவுக்கோ, என்னைவிடப் பத்து வயது மூத்த சகோதரியான லாத்தாவுக்கோ கம்பளத்தை எப்படி வைத்திருப்பது என்று தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. வாப்பா ஈர்க்கில் விளக்குமாற்றால் அதை முற்றம் கூட்டுவதுபோல இழுத்துக் கூட்டுவார், நூல்கள் எழும்பி நிற்கும். பிறகு அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று முழுவதையும் பொலித்தீன் விரிப்பால் மூடிவைத்தார். களப்புக் காற்றின் ஈரம் அதற்குள் போய் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிட்டது. மழைக்காலத்தில் ஹோலுக்குள் நனைந்த ஆட்டின் வாடை அடித்தது. லாத்தா அதன் மேல் பவுடர் தூவினாள். நனைந்த ஆட்டுக்குப் பவுடர் போட்ட வாடை அடித்தது.

எனக்கு அந்த வாடை பிடித்திருந்தது. உம்மா போகும்போது நான் பேசப் பழகிக்கொண்டிருந்தேனாம். அவர் முகம் எனக்குப் படத்தில்தான் தெரியும், குரல் தொலைபேசியில். யாரும் இல்லாத நேரம் பொலித்தீனைத் தூக்கிவிட்டுக் கம்பளத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வேன். உம்மாவிடமும் இந்த வாடைதான் வரும் என்று நினைத்திருந்தேன்.

அவர் வந்த அன்று நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வாசலில் வந்து நின்ற வான் வண்டியிலிருந்து இறங்கியவர் படத்தில் இருந்தவரைவிட மெலிந்தவராக, கொஞ்சம் கூனியவராக இருந்தார். லாத்தாவைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னை நோக்கிக் கையை நீட்டினார், நான் போகவில்லை. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாதவர்போல ஹோலைச் சுற்றிப் பார்த்தார். பார்வை கம்பளத்தில் நின்றது. அபாயாவைக்கூடக் கழற்றாமல் குனிந்து பொலித்தீனின் ஒரு மூலையைத் தூக்கி மோந்து பார்த்தார்.

“இத மூடி வெக்கப்படாது,” என்றார். “மூச்சு முட்டிப் பெய்த்திரிக்கி.”

வந்து சேர்ந்த வீட்டில் அவர் முதன்முதலாகச் சொன்ன முழு வசனம் அதுதான்.

மறுநாள் காலை கம்பளத்தை முற்றத்துக்குக் கொண்டுபோனார். மதிலின் மேல் பின்புறம் வெளியே தெரியும்படி போட்டு, தென்னை மட்டையால் அடித்தார். மழைபோல மணல் கொட்டியது. எங்கள் வீட்டில் அவ்வளவு மணலை இரகசியமாக வைத்திருந்தோம் என்பதை நம்ப முடியவில்லை. வாப்பா கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனபோது உம்மா தடுத்தார்.

“கிணத்துத் தண்ணி சவர். உப்பு உள்ளுக்க நிண்டா காஞ்சாலும் ஈரத்த இழுத்துக்கிட்டே இரிக்கும். நல்ல தண்ணி வேணும்.”

பள்ளிவாசல் குழாயிலிருந்து வாப்பா சைக்கிளில் கலன் கலனாகத் தண்ணீர் கொண்டுவந்தார். உம்மா ஷாம்பூவைக் கரைத்து, மெல்லிய தூரிகையால், கம்பளத்தின் மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே தேய்த்தார். வினாகிரி கலந்த தண்ணீரால் திரும்பத் துடைத்தார். கற்களை அடுக்கி, அதன் மேல் பலகை வைத்து, கீழாலும் காற்று போகும்படி நிழலில் காயப்போட்டார். ஒரு சொல் வீணாகப் பேசவில்லை. நானும் மெதுமெதுவாக நெருங்கி, கடைசியில் ஷாம்பூப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்காமலே கையை நீட்டுவார், நான் போத்தலைக் கொடுப்பேன். எங்களுக்குள் கதை தொடங்கியது அப்படித்தான்.

காய்ந்த கம்பளம் ஹோலில் விரிக்கப்பட்டபோது அதன் பூக்கள் எழுந்து நின்றன. வாப்பா பெருமையோடு நடுவில் உட்கார்ந்தார். லாத்தா ஓரத்தில் சாய்ந்துகொண்டாள். நான் உருண்டேன். உம்மா கரையில், சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“இங்கால வந்து இரியுங்களேன்,” என்றார் வாப்பா.

“இது குளிச்சியா இரிக்கி, நல்லம்,” என்று உம்மா தரையைத் தடவினார்.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். இனிப் போகமாட்டாராம். லீவு முடிந்தாலும் திரும்பிப் போகப்போவதில்லை. லாத்தாவுக்கு ஒரு கல்யாணம் சரிவந்துவிட்டால், வாப்பாவின் உழைப்பில் மூன்று பேரும் சமாளித்துக்கொள்ளலாம். வாப்பா தலையை ஆட்டினார். நான் கம்பளத்தில் இன்னும் இரண்டு தடவை உருண்டேன்.

லாத்தாவுக்குச் சம்பந்தம் மதுரங்குளியிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்குச் சந்தியில் கடை. அவருடைய தாயும் மூத்த சகோதரியும் சகோதரியின் சின்னப் பிள்ளையும் ஒரு பின்னேரம் லாத்தாவைப் பார்க்க வந்தார்கள். வாப்பா வீட்டு வாசலில் கடை கடையாக ஏறிய கதையைச் சொல்லத் தயாராக நின்றார். லாத்தா சாரி உடுத்து அறைத் திரைக்குப் பின்னால் இருந்தாள். கூப்பிடும்போதுதான் வரவேண்டும். வந்தவர்கள் கம்பளத்தில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய் குரல் தாழ்ந்த, நல்ல மாதிரியான மனுஷி. உம்மா பால் தேத்தண்ணியும் இனிப்புத் தொதல் துண்டுகளும் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

சின்னப் பிள்ளை தொதலை எட்டிப் பிடிக்கப்போய்க் கோப்பையைத் தட்டிவிட்டது.

கோப்பை உருண்டு நிற்பதற்குள் உம்மா முழங்காலில் விழுந்திருந்தார். தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்து, தேத்தண்ணி பரவிய இடத்தில் வைத்து, தேய்க்காமல் அழுத்தினார், எடுத்தார், திரும்ப அழுத்தினார். வாய் எதையோ வேகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

“ஆஸிஃபா, மாமா. ஆஸிஃபா, மாமா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வகுப்பில் ஆசிபா என்று ஒரு பிள்ளை இருந்தாள். பெண்பிள்ளையின் பெயரில் எப்படி ஒரு மாமா இருக்க முடியும்? எங்களுக்கு அப்படி ஒரு மாமாவும் இல்லை. நான் சிரித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“விடுங்க தங்கச்சி, என்னத்துக்கு இப்பிடி? பிள்ள தானே,” என்று மாப்பிள்ளையின் தாய் உம்மாவின் தோளைத் தொட்டார்.

தொட்டவுடன் உம்மாவின் இடது கை மேலே போய்க் காதையும் கன்னத்தையும் மூடிக்கொண்டது. நழுவிய முந்தானையைச் சரிசெய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் முந்தானை கம்பளத்தில், மற்றக் கைக்குக் கீழே இருந்தது. தலை குனிந்தபடியே, வலது கை மட்டும் அழுத்தி எடுத்து, அழுத்தி எடுத்து வேலை செய்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளை பயந்து அழத் தொடங்கியது. அதன் தாய் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வாப்பா வாசலில் அசையாமல் நின்றார்.

அப்போது யாரும் கூப்பிடாமல் லாத்தா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சாரியோடு கம்பளத்தில் முழங்காலிட்டு, வேலை செய்துகொண்டிருந்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

“உம்மா, இங்க பாருங்க. இது நம்மட வூடு. உம்மா, நம்மட வூடு.”

உம்மா அவளை யாரென்று தெரியாமல் பார்த்தார். பிறகு கோப்பையைப் பார்த்தார், வந்தவர்களைப் பார்த்தார். கையைக் கன்னத்திலிருந்து மெதுவாக எடுத்து, “ஊத்துப்பட்டுப் போச்சு,” என்று சிரிக்க முயன்றார். “வேற தேத்தண்ணி கொண்டாறன்.”

அவர்கள் வேறு தேத்தண்ணிக்கு இருக்கவில்லை. போகும்போது மாப்பிள்ளையின் தாய் லாத்தாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். இரண்டு நாளைக்குப் பிறகு, சம்பந்தம் பேசியவர் வந்து வாப்பாவை வேலிக்கு அப்பால் கூட்டிக்கொண்டுபோய்ப் பேசினார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். தாயைப் பற்றித்தான் யோசிக்கிறார்களாம். அப்படியான கோளாறு பிள்ளைகளுக்கும் வருமோ என்று மாப்பிள்ளையின் சகோதரி கேட்கிறாளாம். வேலிக்கு அப்பால் பேசப்பட்டது அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் வேலிகள் எல்லாவற்றுக்கும் இப்பால் வந்துவிட்டது.

அந்த அரபுச் சொற்கள் என்னவென்று நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆஸிஃபா என்றால் மன்னியுங்கள். மாமா என்பது வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்காரியைக் கூப்பிடும் முறை. தெரிந்த பிறகு அந்தப் பின்னேரத்தைத் திரும்பவும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது, என் சிரிப்பு உட்பட. உம்மாவிடம் அதைப் பற்றி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

உம்மா கம்பளத்தைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தினார். ஒரு நாள் குசினியில் வாப்பாவும் அவரும் கதைத்தது எனக்குக் கேட்டது.

“இங்க இரிந்து அவளுக்கு நான் என்ன செய்யிற? என்னப் பாத்துத்தானே எல்லாரும் திரும்பிப் போறாங்க. நான் இல்லாட்டி ஒண்டும் கேக்க மாட்டாங்க.”

“அந்த வூட்டுக்கே போகணுமா?”

“அங்கதான் விசா இரிக்கி.”

சட்டியில் எதையோ கரண்டியால் கிளறும் சத்தம் கேட்டது. அது வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு இது இப்படித்தான் விளங்கியது: கம்பளத்தில் கறை பட்டது, அதனால் மதுரங்குளிக்காரர் வரவில்லை, அதனால் உம்மா போகிறார். கறை போய்விட்டால் மற்றதெல்லாம் பின்னாலே சரியாகிவிடும். இதைவிட இலகுவான கணக்கு பள்ளிக்கூடத்தில்கூட எனக்குத் தந்ததில்லை.

உம்மா புறப்படும் நாளன்று வான் பகலுக்குப் பிறகு வருவதாக இருந்தது. ஹோலில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் யாருக்கும் தெரியாமல் பின் அறைக்குப் போய், அலுமாரிக்குப் பின்னாலிருந்து கம்பளத்தை இழுத்து விழுத்தினேன். அது என்னைவிடப் பாரம். கறை இருந்த பக்கம் தெரியும்வரை விரித்தேன். பால் நிறப் பூ ஒன்றில் மங்கிய மஞ்சளாக, உள்ளங்கை அளவில் அது இருந்தது. குசினியிலிருந்து வினாகிரிப் போத்தலும், வாளியில் கொஞ்சம் நல்ல தண்ணீரும், பழைய பள்ளிக்கூடச் சட்டையும் கொண்டுவந்தேன். உம்மா செய்ததுபோலவே முழங்காலில் இருந்து, நனைத்து, அழுத்தி, எடுத்தேன். வினாகிரியில் கண் எரிந்தது. நேரம் போகப் போகக் கறை உண்மையிலேயே மெலிந்துகொண்டு வந்தது.

என்னைத் தேடிக்கொண்டு வந்தவர் உம்மாதான். கறுப்பு அபாயாவோடு, கையில் கடவுச்சீட்டுப் பையோடு கதவில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நான் நிமிர்ந்து பார்த்து, “உம்மா, கற போகுது, வந்து பாருங்க,” என்றேன்.

அவர் கறையைப் பார்க்கவில்லை. இரண்டே எட்டில் வந்து என் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. சட்டைத் துணியைப் பறித்து மூலையில் எறிந்தார். வாளி கவிழ்ந்து தண்ணீர் ஓடியது. உம்மா அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

“எழும்பு! எழும்புடி! நீ முழங்கால்ல இரிக்கப்படாது. யாருக்கு முன்னாலயும் இரிக்கப்படாது, கேட்டிச்சா?”

பிறகு குனிந்து, என் முழங்கால்களில் ஒட்டியிருந்த நூல்களையும் மண்ணையும் தன் கையால் தட்டித் தட்டி எடுத்தார். ஒன்றும் ஒட்டியிருக்காத பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய கண்ணீர் என் காலில் விழுந்தது. வெளியே வான் ஹோர்ன் அடித்தது. லாத்தா வந்து அவரைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

நான் அழுதுகொண்டு வாசல்வரை அவர்களுக்குப் பின்னால் ஓடினேன். உம்மாவுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். வேலையைப் பிழையாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். வானின் கதவு மூடும்வரை, புழுதி அடங்கி வாப்பா என்னைத் தூக்கிக்கொள்ளும்வரை, கத்திக்கத்தி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நான் தேய்க்கல்ல உம்மா. அழுத்தித்தான் எடுத்தேன். நீங்க செஞ்ச மாதிரித்தான் செஞ்சேன்.”