அனுப்பர்பாளையத்து மெடல்

பட்டாளத்திலிருந்து என்னை அனுப்பியபோது கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். அதில் மெடல் என்று ஒரு கட்டம் உண்டு. என் கட்டத்தில் வெறும் கோடு இழுத்திருந்தார்கள். பர்மா எல்லையில் வெடிமருந்து லாரி ஓட்டியவன் நான். யார் யாருக்கு என்ன மெடல் என்று எழுதிய காலத்தில் மலேரியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிறகு அங்கிருந்தே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதிய குமாஸ்தாவின் கண்ணில் நான் படவில்லை, அவ்வளவுதான். கோபப்படலாம் என்றால் அதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அதெல்லாம் ஒரு விஷயமா என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேன் டிரைவராக இருந்தேன். சாயப்பட்டறைக்குத் துணி கொண்டுபோவதும் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் பேல் மூட்டைகளை இறக்குவதும் வேலை. ஷெட்டில் காத்திருக்கும் நேரத்தில் பர்மா கதை சொல்லுவேன். நன்றாகவே சொல்லுவேன், வாய்க்கு எனக்கு எப்போதும் பஞ்சமில்லை. ஒரு நாள் மூட்டை தூக்குகிற ஒருவர், "இத்தன பண்ணியிருக்கீங்க, சர்க்கார் ஒரு மெடலுகூடக் குடுக்கலீங்களா?" என்று கேட்டார். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. நான் வேனில் ஏறிவிட்டேன். அதற்கப்புறம் கதை சொல்ல நாக்கு எழவில்லை.

காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை பார்த்த என் சிநேகிதன், பர்மாவில் எனக்கு முன்னால் போன லாரியை ஓட்டியவன். அவனுக்கு மூன்று மெடல் வந்திருந்தது. நட்சத்திரம் இரண்டு, வட்டம் ஒன்று. "எழுதிப் போடப்பா. நீ எங்கூட இருந்தீன்னு நான் சாட்சி சொல்றேன்" என்றான். பதிவைத் திருத்தி, விட்டுப்போன மெடல்களைச் சேர்க்கும்படி கோயமுத்தூரில் இருந்த முன்னாள் பட்டாளத்தார் ஆபீஸுக்கு மனு போட்டேன். விசாரணையில் இருக்கிறது என்று ஒரு பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்த நேரத்தில் சீனச் சண்டை வந்தது. ஊரெல்லாம் ஜவான்களுக்கு என்று ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி ஒரு பேல் பனியன் கொடுப்பதாகச் சொல்லி, கலெக்டரையே கம்பெனிக்கு வரச் சம்மதிக்க வைத்துவிட்டார். முதலாளி என்னைவிட வயதில் சிறியவர், நல்ல மனுஷர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது என்பதுதான் அவரிடம் இருந்த குறை.

"ஏனுங்ண்ணா, பேலை நீங்கதான் கலெக்டர் கையில குடுக்கோணும். காக்கி உடுப்பு, மெடலு எல்லாம் போட்டுட்டு வந்துருங்க" என்றார்.

"மெடலு இல்லீங்க. மனு போட்டிருக்குது, இன்னும் வரலீங்க."

"உங்களுக்கு உண்டுதானுங்களே?"

"உண்டுங்க."

"அப்புறமென்னங்க. சாம்பிள் ஒண்ணு கெடைக்குமுங்களா?"

எங்கள் ஊரில் இது நியாயமான கேள்வி. சாம்பிள் பீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தால் அதே மாதிரி மூட்டை மூட்டையாகத் தைத்துக் கொடுப்பதுதான் இங்கே பிழைப்பு. உரியவனுக்கு உரிய பொருள் வரத் தாமதமாகிறது, அதுவரைக்கும் நாமே ஒன்று செய்துகொள்வோம் என்றுதான் அவர் நினைத்தார். காங்கேயத்துக்கு ஆள் போனது. சிநேகிதனும், "எடுத்துட்டுப் போங்க, அவனுக்கும் சேர வேண்டியதுதானுங்க" என்று மூன்றையும் துண்டில் முடிந்து கொடுத்தனுப்பினான். அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறை ஒன்றில் பித்தளையில் வார்த்து, வட்டத்துக்கு மட்டும் வெள்ளைப் பூச்சுப் பூசிக் கொண்டுவந்தார்கள். சாம்பிள் பத்திரமாகக் காங்கேயம் திரும்பிப் போய்விட்டது.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தனை பேர் ஆசையாகச் செய்கிறபோது எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஆசை வெட்கம் அறியாது என்பது சரிதான்.

ரிப்பன் எங்கள் டைலரின் கைவண்ணம். சாயம் போட்ட பனியன் துணியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, அசல் மாதிரியே கலர் சேர்த்துத் தைத்திருந்தார். ஆனால் பனியன் துணி இழுபடும் என்பதை, அந்தத் துணியிலேயே பிழைக்கிற நாங்கள் ஒருத்தரும் யோசிக்கவில்லை. காலையில் நெஞ்சில் குத்திய மெடல்கள், கலெக்டர் வருவதற்குள் கனம் தாங்காமல் வயிற்றுக்கு இறங்கிவிட்டன. நான் அடிக்கடி ஒரு கையால் அவற்றை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். கூட்ஸ் ஷெட் ஆட்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். கலெக்டர் எனக்குக் கைகொடுத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் நான் மனு போட்ட ஆபீஸின் அதிகாரி, ஓய்வு பெற்ற கேப்டன். தொங்கிக்கொண்டிருந்த நட்சத்திரத்தைச் சரிசெய்வதுபோலக் கையில் எடுத்தார். எடுத்தவர் திருப்பிப் பார்த்தார். எங்களுக்குக் கொடுத்த மெடல்களில் வாங்கியவனின் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கும்.

"உங்க நம்பர் என்ன?" என்றார்.

பட்டாளத்தானிடம் நம்பரைக் கேட்டால் தூக்கத்தில்கூட வாய் சொல்லிவிடும். விறைத்து நின்று சொன்னேன். அவர் மெடலை மறுபடி பார்த்தார். மற்ற இரண்டையும் திருப்பினார். பட்டறைக்காரர்கள் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டிப் பழகியவர்கள். சாம்பிளில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் அப்படியே வெட்டியிருந்தார்கள். என் மேல் தொங்கியது என் சிநேகிதனின் நம்பர், என் சிநேகிதனின் பெயர். எனக்கும் அந்த இங்கிலீஷ் எழுத்துப் படிக்கத் தெரியும். பளபளப்பில் மயங்கியவன் பின்பக்கத்தை எங்கே பார்த்தான்?

"திங்கக்கிழமை ஆபீஸுக்கு வாங்க. இதையும் எடுத்துட்டு வாங்க" என்று காதோடு சொல்லிவிட்டு நகர்ந்தார். நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அதன் பிறகு போட்டோ எடுத்தார்கள். நான் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றுவரை புரியவில்லை.

திங்கட்கிழமை அவர் மேசையில் என் மனு இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் பெயர் விடுபட்டிருக்கலாம், கூட இருந்தவர் சாட்சி சொன்னால் திருத்தலாம் என்று பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸிலிருந்து எழுதிவிட்டார்களாம். "நானும் சிபாரிசு எழுதி வச்சிருந்தேன். இன்னொருத்தர் மெடலைத் திருடிப் போட்டுக்கிட்டவருக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார்.

"திருடலீங்க சார். அனுப்பர்பாளையத்துல செஞ்சதுங்க."

சொல்லும்போதே காது எரிந்தது. திருடன் என்ற பெயரைவிட இது கேவலமாகப் பட்டது. குண்டு விழுகிற பாதையில் லாரி ஓட்டியவன், ஓர் அதிகாரி முன்னால் நின்று, என் மெடல் குடமும் அண்டாவும் செய்கிற இடத்தில் வார்த்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் நம்பவில்லை. அசல் மெடல்களோடு சொந்தக்காரரையே வரச் சொல்லுங்கள் என்றார்.

சிநேகிதன் மில்லில் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தான். தன்னுடையதை மேசையில் என்னுடையதுக்குப் பக்கத்தில் வைத்தான். அவனுடையது மங்கிக் கிடந்தது. என்னுடையது புளி போட்டு விளக்கிய குத்துவிளக்காக மின்னியது. இவர் உங்களோடு இருந்தாரா என்று கேப்டன் கேட்டார்.

"இருந்தாருங்க. என்ற லாரி பள்ளத்துல எறங்குனப்ப சங்கிலி கட்டி இழுத்தது இவருதானுங்க. எனக்கு மெடலுன்னா இவருக்கும்தானுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். கேப்டனும் சிபாரிசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பித்தளை மூன்றையும் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெளியே வந்ததும் சிநேகிதன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

திருத்தம் ஆகி, மெடல்கள் வந்து சேர நெடு நாளாயிற்று. பின்பக்கத்தில் என் நம்பர், என் பெயர். முதலாளிக்கு என்னைவிடச் சந்தோஷம். அதற்குள் அவர் சாம்பிள் கதையையும் பனியன் ரிப்பன் கதையையும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தார். மனதில் கள்ளமில்லாத சிரிப்புத்தான். அந்தக் கதை பஸ் ஏறிக் காங்கேயம் வரைக்கும் போயிருந்தது எனக்குத் தெரியாது.

மெடல்களை முதலில் சிநேகிதனிடம் காட்ட வேண்டும் என்று மில்லுக்கே போனேன். கொப்பரை காயப்போட்டிருந்த களத்தில் நின்றுகொண்டிருந்தான். வாங்கியவுடன் திருப்பிப் பார்த்தான். எழுத்தைக் கட்டைவிரலால் தடவினான். "உன்ற நம்பரேதாம்ப்பா" என்றான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மில் ஆட்கள் கூடினார்கள். ஒருவர் கேட்டார்: "இது சர்க்கார் மெடலுங்களா, அனுப்பர்பாளையமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வேண்டியதுதான். ஆனால் அவர் அதோடு விடாமல் சிநேகிதன் பக்கம் திரும்பினார். "உங்களுதும் அதே பட்டறையில வார்த்ததுதானுங்களே?"

சிநேகிதனும் சிரித்தான். அவன் சிரித்த விதத்திலேயே தெரிந்தது, இந்தக் கேள்வி அவன் காதில் பல தடவை விழுந்திருக்கிறது என்று. "அவனுது அசலுங்க. அதப் பாத்துத்தானுங்க என்னுதச் செஞ்சாங்க" என்று நான் பதறிப்போய்ச் சொன்னேன். "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள், ரொம்ப மரியாதையாக. ஒருவர்கூட நம்பவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தான். குடியரசு நாளில் அங்கே பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவனைக் கூப்பிடுவார்கள். வருஷம் தவறாமல் மெடல்களைக் குத்திக்கொண்டு போவான். இந்த வருஷம் போனாயா என்று கேட்டேன்.

"இல்லப்பா. அன்னைக்கு மில்லுல வேலை."

குடியரசு நாளில் மில் லீவு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் "சரிப்பா" என்றேன்.