வில் பிடித்த இடது கை

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, வருடம் சரியாக நினைவில்லை. திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அண்ணனோடு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வெட்டிய பனியன் துணியில் படம் அச்சடித்து எங்கள் மேசைக்கு வரும். சாயம் பரவியிருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் டேமேஜை ஒரு பக்கமும் தள்ளவேண்டும். அதுதான் வேலை.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கும் தெரியாத நல்ல பாட்டுக்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டால், நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஒருமுறை கரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது வெள்ளகோவிலில் பஸ் நின்றது. பக்கத்து மண்டபத்திலிருந்து நாதஸ்வரம் கேட்டது. வாசிப்பது யார் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று இறங்கிவிட்டேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டே பின்னால் இறங்கி வந்தான். அந்த வித்வானின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கி வந்து, யூனிட்டில் வீட்டு விசேஷம் வைத்திருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தேன். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

என் மேசைக்கு எதிரே குன்னத்தூர் அக்கா ஒருத்தர் உட்காருவார். என்னைக் கிண்டல் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "ஆருக்கும் தெரியாத ஆளுன்னா நம்ம புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமுங்க" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னை அறிமுகப்படுத்துவார்.

அப்போது ஒரு சின்ன ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் ஏதோ ஒரு பாட்டுக் குழு, அவர்கள் கச்சேரிகளில் விற்பதற்கான டி-ஷர்ட். கருநீலத் துணியில் வெள்ளை நிறத்தில் ஒரே ஒரு படம். ஒரு பெண் கண்ணை மூடி வயலின் வாசிக்கிறாள். எழுத்து ஒன்றும் கிடையாது. அந்த வெள்ளை எப்படி இருக்கவேண்டும் என்று காட்டுவதற்காக, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அந்தக் குழுவின் சிடி ஒன்றை அட்டையோடு அனுப்பியிருந்தார். அட்டையைப் பார்த்துச் சாயம் கலந்து முடித்ததும் அது ஒரு மூலையில் கிடந்தது. உள்ளே இருக்கும் சிடியைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

ஒரு வார்த்தை புரியவில்லை. எந்த நாட்டுப் பாஷை என்றுகூடத் தெரியாது. ஆனால் மூன்றாவது பாட்டில் அந்த வயலின் தனியாக எழுந்து வந்தபோது, சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அழுகையா சந்தோஷமா என்று எனக்கே பிடிபடவில்லை. பாட்டு முடிந்தபின் அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு போட்டோ. தெருவோரம் நின்று மூன்று பேர் வாசிக்கிறார்கள். நடுவில் அந்தப் பெண். வயலினை வலது தோளில் வைத்து, வில்லை இடது கையில் பிடித்திருந்தாள்.

நானும் இடது கைக்காரிதான். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையில் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. "பீச்சாங்கையால குடுக்காத" என்று கேட்டுக் கேட்டு, யாரிடம் எதைக் கொடுத்தாலும் வலது கைக்கு மாற்றிக் கொடுப்பது தானாகவே வந்துவிட்டது. செக்கிங் மேசையில்கூட மற்றவர் முழங்கை இடிக்கக் கூடாது என்று என்னை ஓரத்தில்தான் உட்காரவைத்திருந்தார்கள். உலகத்தில் எங்கோ ஒருத்தி அந்தக் கையால் இப்படி வாசிக்கிறாள் என்று பார்த்ததும் எனக்கே ஏதோ பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

எங்கள் யூனிட்டில் மதிய டீக்குப் பிறகு ஒரு மணி நேரம் பாட்டு உண்டு. ஒரு நாளைக்கு ஒருவர் முறை. அவர் கொண்டுவரும் பாட்டைத்தான் எல்லோரும் கேட்கவேண்டும். என் முறை வந்ததும் இந்த சிடியைப் போட்டேன். இரண்டாவது பாட்டுக்குள் "நிறுத்து நிறுத்து" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம். "பூனைய வாலைப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குது புள்ள" என்றார் அக்கா. பிரிண்டிங் மாஸ்டர் எழுந்துபோய் அவரே அணைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் விடுவதாக இல்லை. பிரவுசிங் சென்டரில் கொடுத்து நாலைந்து காப்பி போட்டு, ஆளாளுக்குக் கொடுத்தேன். மூன்றாவது பாட்டை மட்டுமாவது கேளுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் போட்டோவை மட்டும் எத்தனை பேரிடம் காட்டியிருப்பேனோ தெரியாது. 'இவள் ஒரு கிறுக்கு' என்கிற முகத்தோடு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் நாள் காலை, வேலை தொடங்கும்போதே ஸ்கிரீன் கிழிந்துவிட்டது. ஸ்கிரீன் என்றால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி. அதில் படம் பதிந்திருக்கும். அதன் வழியாகத்தான் சாயம் இறங்கும். அவசரமாகப் புது ஸ்கிரீன் எடுத்து மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். மறுநாள் மாலைக்குள் சரக்கு தையலுக்குப் போயாகவேண்டும். துணியும் அளவாகத்தான் வந்திருந்தது. வீணானால் அதே கருநீலம் மறுபடி சாயமேறி வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அவர்களுடைய கச்சேரியே முடிந்துவிடும்.

புது ஸ்கிரீனில் அடித்த துணிகள் என் மேசைக்கு வந்தன. அச்சு பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு கசிவு இல்லை. பத்துப் பதினைந்தை நல்ல பக்கம் தள்ளிவிட்டேன். அடுத்ததைத் தள்ளப்போன கை நின்றது. ஏதோ உறுத்தியது. படத்தில் அந்தப் பெண் வில்லை வலது கையில் பிடித்திருந்தாள்.

எழுந்து ஓடி, "மாஸ்டரண்ணே, மிஷினு நிறுத்துங்க. படம் திரும்பி இருக்கு" என்று கத்தினேன். பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான். அங்கே மிஷின் ஒன்றும் கிடையாது, எல்லாம் கையால் இழுப்பதுதான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மாஸ்டர் ஒரு துணியை எடுத்துப் பார்த்தார். "ஏம்மா, வயலினு சோத்தாங்கையிலதான் வாசிப்பாங்க. கோயில் கச்சேரில பாத்ததில்லையா? இது கரெக்ட்டாத்தான் இருக்குது. போய் வேலையப் பாரு."

தவறு அத்தனை சரியாகத் தெரிந்ததுதான் வம்பாகிவிட்டது. உண்மையைச் சொன்ன நான்தான் உளறுகிறவள்போல நின்றேன். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், பையர் ஓகே செய்த சாம்பிள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போயிருந்தது. பழைய ஸ்கிரீனில் அடித்த சரக்கும் முந்தின நாளே கட்டிப் போய்விட்டது. மாஸ்டர் மறுபடி கை காட்ட, ஆட்கள் அச்சு மேசையில் விரித்திருந்த அடுத்த வரிசைத் துணிக்கு நகர்ந்தார்கள்.

எனக்கு என்ன துணிச்சல் வந்ததோ, மேசை மேல் வைக்கப்போன ஸ்கிரீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை முழுக்க வெள்ளைச் சாயம். "வேலைய விட்டு நிறுத்தினாலும் பரவாயில்லண்ணே. நான் விடமாட்டேன்" என்றேன். அண்ணன் திட்டுவானே என்று உள்ளுக்குள் பயம் வேறு.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். "என்னாச்சு கண்ணு?" என்றார். சொன்னேன். குன்னத்தூர் அக்கா ஓடிப்போய் என் பையிலிருந்து சிடி அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். முதலாளி போட்டோவைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

மாஸ்டர் விடவில்லை. "போட்டோவையே திருப்பிப் போட்டிருப்பாங்க, முதலாளி. அது எதுக்குங்க சாட்சி?"

கேட்ட கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தப் போட்டோ எனக்கு மனப்பாடம். "பொறத்தால ஒரு கடை போர்டு இருக்கு பாருங்க. எழுத்து நேராத்தான இருக்கு? போட்டோ திரும்பியிருந்தா எழுத்தும்லா திரும்பியிருக்கும்?" என்றேன்.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு, "நிறுத்துங்கப்பா. கம்பெனிக்கு ஒரு போனு போட்டு அந்த சாம்பிளைக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

சாம்பிள் வர முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான முக்கால் மணி நேரம் வேறு இல்லை. வந்த சாம்பிளை முதலாளி மேசையில் விரித்தார். வில் இடது கையில் இருந்தது. புது ஸ்கிரீன் எடுத்த அவசரத்தில், அதில் படம் பதிக்கிற ஃபிலிமை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். இரண்டு வரிசைத் துணிதான் வீணாகியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் மீதித் துணி மொத்தமும் போயிருக்கும்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பாமலே, "செக்கிங்குன்னா இதுதான்" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது. முதலாளி என்ன செய்தார் தெரியுமா? அன்று யாருடைய முறை என்றுகூடக் கேட்கவில்லை. டீ நேரம் முடிந்ததும் அந்த சிடியை அவரே போட்டார். "இத்தனை தெளிவா அந்தப் பொண்ணு மனசுல நிக்கற அளவுக்கு அப்படி என்னதான் வாசிக்குதுன்னு கேப்போமுங்க" என்றார்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்டார்கள். ஆனால் மூன்றாவது பாட்டு வந்ததும் குன்னத்தூர் அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். முடிந்ததும், "இன்னொருக்கா போடு புள்ள" என்றார். அன்றைக்கு எனக்கிருந்த பெருமைக்கு அளவே இல்லை. அடுத்த தை மாதம் அக்கா தன் தம்பி கல்யாணத்துக்கு அந்த வெள்ளகோவில் நாதஸ்வரக்காரரையே ஏற்பாடு செய்தார்.

அந்தக் கல்யாணத்துக்கு நான் குன்னத்தூர் பஸ்ஸில் போனபோதுதான் அது நடந்தது. எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர், கருநீல டி-ஷர்ட் போட்டு, தோளில் துண்டும் போட்டிருந்தார். டிக்கெட் வாங்கத் திரும்பியபோது நெஞ்சில் அந்தப் பெண். வில் வலது கையில். நாங்கள் ஒதுக்கிய டேமேஜ் துணிதான். எப்படியோ தைத்து, கழிவுச் சரக்கு மலிவாக விற்கிற காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்து, அவர் வாங்கியிருக்கிறார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, ஒங்க பனியன்ல இருக்கவங்க நெசத்துல இடது கையாலதான் வாசிப்பாங்க. படம் திரும்பிட்டு" என்றேன்.

அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "ஏங்கண்ணு, இந்தப் பொண்ணு நெசமாவே இருக்குதா? நான் சும்மா படம்னல்ல நெனச்சேன்!"

"இருக்காங்க. நல்லா வாசிப்பாங்க. மூணாவது பாட்ட மட்டும் கேட்டுப் பாருங்க" என்று சொல்லி, பையிலிருந்த காப்பி சிடி ஒன்றை எடுத்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான் கவனித்தேன், இடது கை. வழக்கம்போல மாற்றப் போனேன். அதற்குள் அவர், "மவன் ஊட்ல சீடிப் பொட்டி வெச்சிருக்கான், போடச் சொல்றனுங்க" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழு இன்னும் வாசிக்கிறதா என்பதும் தெரியாது. ஆனால் நல்ல பாட்டு ஒன்றைக் கேட்டால் இன்றைக்கும் யாரிடமாவது நீட்டிக்கொண்டேதான் இருக்கிறேன், அன்று பஸ்ஸில் நீட்டிய அதே கையால்.