மேனேஜர் கதவு

போன வாரம் எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று கையோடு வந்துவிட்டது. இப்போது நாங்கள் இருக்கும் நவி மும்பை கோபர்கைரனேயில் நல்ல தச்சர் கிடைப்பது நல்ல மாப்பிள்ளை கிடைப்பதைவிடக் கஷ்டம். மூன்று நாள் போன் போட்டபிறகு ஒருவர் வந்தார். கதவைக் கழற்றிச் சாய்த்து, ஓரத்தை இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். ஈரம் ஊறிய மரத்தூளின் வாசனை ஹாலுக்கு வந்தது. உங்களுக்கு மரத்தூள் வாசனை என்றால் என்ன ஞாபகம் வருமோ தெரியாது, கல்யாணக் கட்டில் வரலாம். எனக்கு எங்கள் மோரி ஞாபகம் வந்தது.

மோரி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை. அதன் மூலையில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்டி, மூன்றடிச் சதுரத்தில் ஓர் இடம் இருக்கும். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, பல் விளக்குவது, குளிப்பது எல்லாமே அதற்குள்தான். மறைப்புக்கு என் மனைவி மைமூனின் பழைய சேலை ஒன்று கொடியில் தொங்கும். ஃபேன் ஓடினால் அது பறக்கும். ஆகவே வீட்டில் பெண்கள் குளிக்கும்போது இரண்டு காரியம் நடக்கும். ஃபேனை நிறுத்துவார்கள், என்னை வெளியே அனுப்புவார்கள்.

வீட்டில் பெண்கள் மூன்று பேர். மைமூன், ஐந்தாம் வகுப்பில் இருந்த மூத்தவள் சுமையா, சீனியர் கேஜியில் இருந்த இளையவள் ரிஸ்வானா. அவளை ரிஸு என்போம். குளியல், உடுப்பு மாற்றுவது, ஸ்கூல் யூனிஃபார்ம், சாயங்காலம் வந்து யூனிஃபார்மைக் கழற்றுவது என்று எதற்கும் நான் வெளியே போகவேண்டும். பின் சந்தில் நான்கு தையல் மெஷின் போட்டுத் தோல் பை தைக்கும் கார்கானா நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே நான் சேட், முதலாளி. வீட்டில் எனக்கும் என் செருப்புக்கும் ஒரே மரியாதை, இரண்டும் வாசலுக்கு வெளியே கிடக்கவேண்டும்.

ரிஸு இந்த அதிகாரத்தை சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வாப்பா, பாஹர் ஜாவ்!" என்று இந்தியில் என்னை வெளியே போகச் சொன்னாள்.

"எதுக்குளா? யாரும் குளிக்கலியே."

"என் பொம்மை டிரெஸ் மாத்தப்போவுது."

நான் போனேன், தட்டோடு. போகாமலிருந்தால் அவள் அழுவாள், அவள் அழுதால் மைமூன் என்னைப் பார்ப்பாள். பொம்மைக்காக ஒரு மீன் துண்டைச் சந்தில் நின்று தின்ற மனுஷன் பம்பாயில் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

ஆனால் வெளியே துணை உண்டு. எதிர்வீட்டு அண்ணாச்சி நாங்குநேரிப் பக்கத்துக்காரர், ராத்திரி டாக்ஸி ஓட்டுபவர். அவருக்கும் இரண்டு பெண்கள், போதாக்குறைக்கு மாமியாரும் வந்து தங்கியிருந்தார். வாத்தியார் வெளியே நிறுத்திய பையன்கள் மாதிரி, பனியனும் கைலியுமாக எதிரும் புதிருமாக நிற்போம்.

"என்னவே பாய், இன்னைக்கு எத்தன தடவ?"

"மூணு ஆச்சு அண்ணாச்சி."

"எனக்கு அஞ்சு. மாமியா ரவிக்கை மாத்தணும்னா நான் அம்பது நிமிசம் நிக்கணும்."

மழைக்காலத்தில் ஒரு குடைக்குள் இருவரும் நிற்போம். நாட்டு நடப்பு, சொந்த ஊர் நடப்பு, யார் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் யார் மோட்டார் போட்டுத் திருடுகிறார்கள் என்பது வரை அங்கேதான் தீர்ப்பு எழுதப்படும். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்தும் இருந்தது. வெளியே போவதைக் குடும்பத்துக்கு நான் செய்யும் பெரிய தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சுமையாவின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். பெண் தினமும் வகுப்பில் தூங்குகிறாளாம். "ராத் கோ டிவி தேக்தி ஹை க்யா?" ராத்திரி டிவி பார்க்கிறாளா என்று கேட்டார். பொறுப்புள்ள தகப்பன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். பழியை டிவி மேல் போட்டு, கேபிளைப் பிடுங்கிவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சுமையாவை உட்காரவைத்து அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் டியூஷனுக்குப் போனபிறகு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மைமூன் தலை நிமிராமல் சொன்னாள். "டிவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கே எந்திரிச்சு பச்சத்தண்ணில குளிச்சிருதா. நீங்க முழிக்கதுக்கு முன்னாடி."

"எதுக்கு?"

"எதுக்குன்னா கேக்கீங்க? புள்ளைக்கு வெக்கம் வந்துட்டு. சேலை மறைப்புல குளிக்க மாட்டேங்கா."

"நான்தான் வெளிய போயிருதேனே!"

"வெளியன்னா எங்க? கதவுக்கு அந்தப் பக்கம். நீங்களும் அண்ணாச்சியும் சிரிக்கது உள்ள இருக்கவளுக்குக் கேக்காதா?"

பத்து வயதுப் பிள்ளை எனக்குப் பயந்து இருட்டில் நடுங்கிக்கொண்டு குளித்திருக்கிறாள், நான் அவளுக்கு டிவியைப் பற்றி அறிவுரை சொல்லியிருக்கிறேன். அந்த அரைமணி நேரப் பேச்சைத் திரும்ப வாங்க முடியுமானால் இன்றைக்கும் வாங்கிக்கொள்வேன்.

மோரிக்குக் கதவு போடுவது என்று முடிவெடுத்தேன். தாராவியில் யாரும் கதவு செய்யமாட்டார்கள், தேடி எடுப்பார்கள். பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, எங்கோ இடித்த ஆபீஸின் கேபின் கதவு ஒன்றைப் பிடித்தேன். நல்ல தேக்கு, பித்தளைப் பிடி. மேல்பாதியில் சொரசொரப்பான பால்கண்ணாடி, அதில் இங்கிலீஷில் 'மேனேஜர்' என்று எழுதியிருந்தது. நானும் அண்ணாச்சியும் தலையில் வைத்துத் தூக்கிவந்தோம். மோரிச் சுவரைத் தலைக்குமேல் உயர்த்திக் கட்டினோம், தச்சர் கதவைக் கீழே ஓர் அடி அறுத்து மாட்டினார். வீடெங்கும் மரத்தூள். சுமையா துண்டும் சோப்பு டப்பாவும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அன்றைக்கு அவள் என்னை இரண்டு தடவை பார்த்துச் சிரித்தாள்.

"பொறு, மொதல்ல நான் பாக்கேன்" என்று மைமூன் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, லைட்டைப் போட்டாள்.

பால்கண்ணாடியில் மைமூன் அப்படியே தெரிந்தாள். இடுப்பில் கைவைத்த நிழல், கொண்டை உட்பட.

"உம்மா சினிமா மாதிரி தெரியிது!" என்று ரிஸு கைதட்டினாள்.

சுமையா கைதட்டவில்லை. துண்டை நான்காக மடித்து, கொடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பதில் அவள் கத்தியிருக்கலாம், என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றைக்கு நான் வெளியே போய் நின்றேன், யாரும் சொல்லாமலே.

மறுநாள் கார்கானாவிலிருந்து ஏற்றுமதிப் பைக்கு வைத்திருந்த சிவப்புத் தோலில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடியின் உள்பக்கம் மடிப்பில்லாமல் ஒட்டினேன். ஓரத்தில் தையல்கூடப் போட்டிருந்தேன். மேனேஜர் கதவுக்கு அப்படி ஓர் அழகு. மூன்று நாள் தண்ணீர் பட்டது. நான்காம் நாள் வீடு முழுக்கச் செத்த மாட்டு நாற்றம். சந்தில் போகிறவர்கள் எங்கள் வாசலில் நடையை எட்டிப்போட்டார்கள்.

"இருவது வருசமா தோல் யாவாரம் பண்ற மனுசனுக்கு, ஈரத்துல தோல் நாறும்னு தெரியாதா?" என்றாள் மைமூன்.

சுமையா மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "வாப்பா, குளிச்ச பொறவுதான் நான் ஜாஸ்தி நாறுதேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. தோலைக் கிழித்தெறிந்துவிட்டு, பத்து ரூபாய் ரெக்ஸின் துண்டை ஒட்டினேன். அது அசையவில்லை.

அடுத்த நாள் சுமையா ஆறரை மணி வரை தூங்கினாள். எழுந்து, வெந்நீர் வாளியோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பழக்க தோஷத்தில் நான் சந்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"வாப்பா, நீங்க வீட்டுக்குள்ளயே இருக்கலாம். இனிமே போவேண்டாம்."

"உள்ள போம்வே, ஆர்டர் வந்துட்டு" என்றார் அண்ணாச்சி. குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

போய் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் வீட்டுக்குள் என்ன செய்வது என்று தெரியவில்லை. "வழியில கால நீட்டாதீங்க" என்று மைமூன் தாண்டிப் போனாள். டீச்சரிடமிருந்து அப்புறம் புகார் வரவில்லை. வெட்கம் பெரிய தொற்றுநோய், ஆறு மாதத்துக்குள் சந்தில் முக்கால்வாசி மோரிக்குக் கதவு வந்துவிட்டது. அண்ணாச்சி வீட்டுக் கதவில் 'ஸ்டோர் ரூம்' என்று எழுதியிருந்தது.

இதெல்லாம் நடந்து பதினோரு வருஷம் இருக்கும். சுமையா பக்கத்து ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். வீட்டுக்கு வந்ததும் தன் அறைக்குள் போய்விடுவாள். ரிஸு தன் அறையிலிருந்து எனக்கு வாட்ஸப்பில் ஒரு டீ கோப்பைப் படம் அனுப்புவாள், நான் போட்டுக் கொண்டுபோய் கதவுக்கு வெளியே வைக்கவேண்டும். இரண்டும் நல்ல பிள்ளைகள், ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

தச்சர் போன அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். இப்போது சுனாபட்டியில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார்.

"இங்க மூணு ரூமு பாய். வெளிய போங்கன்னு ஒருத்தியும் சொல்ல மாட்டேங்கா."

"இங்கயும் அப்படித்தான் அண்ணாச்சி."

"உள்ள வாங்கன்னும் சொல்ல மாட்டேங்காளுவ."

இருவரும் சிரித்தோம். போனை வைத்தபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாராவியில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னை ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது வெளியே துரத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் 'வாப்பா' என்று கூப்பிட்டுத்தான் துரத்துவார்கள். அந்த எட்டு 'வாப்பா' இப்போது இல்லை.