பாதியில் நின்றுவிடும் சிடி

இடது கையின் இரண்டு விரல்கள் சிடி ரைட்டரின் ஓரத்தைத் தொட்டபடி இருந்தன. யாரும் பேசக் கூடாது என்பது போல வலது கை காற்றில் நின்றது. உள்ளே சிடி சுழலும் அதிர்வு விரல் நுனியில் ஏறியது. திரையில் பச்சைப் பட்டை பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது, கடைசியில் தட்டு தானாக வெளியே நீண்டது. அந்தக் கைகள் சிடியை விளிம்பில் பிடித்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தன. ஒரு குறையும் இல்லை. அதுதான் தலைவலி.

“பாத்தீங்களா, உங்க முன்னாடி எப்படி இருக்குன்னு,” என்றார் எதிரே நின்ற மெத்தைக்காரர். “டீச்சர் முன்னாடி உக்காந்த பையன் மாதிரி கையக் கட்டிக்கிட்டு இருக்கு. வீட்டுக்குப் போனாத்தான் சுயரூபம்.”

கைகளுக்குச் சொந்தக்காரர் சிரிக்கவில்லை. “மறுபடி,” என்று சொல்லி இன்னொரு வெற்று சிடியை உள்ளே தள்ளினார்.

அந்த ஒரு சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. அந்தத் தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவர் ‘மறுபடி அக்கா’. கோளாறைத் தன் கண்ணால் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டார். பார்த்த பிறகும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றியதும் சோதிப்பார், சரியானாலும் நம்பாமல் இன்னொரு தடவை சோதிப்பார். இரண்டு பாகங்களைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும் என்பது அவர் கட்சி. அவசரக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போவார்கள். அங்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தருவார்கள். அவர்களில் பாதிப் பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இங்கே வந்து நிற்பார்கள்.

இதற்கென்று அக்கா எங்கும் படிக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மெஷின் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் மெக்கானிக் வருவார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அக்கா பார்ப்பார். அடைமழையில் மெக்கானிக் வராத ஒரு நாள், வாசல்வரை ஆட்கள் வரிசையில் நிற்க, அக்காவே மூடியைத் திறந்தார். உருளையில் ஒட்டியிருந்த துக்கடா செல்லோடேப்பை நகத்தால் உரித்து எடுத்தார். மெஷின் ஓடியது. அதன்பிறகு அவர் கை சும்மா இருக்கவில்லை. பிரிண்டர், மானிட்டர், யாரோ தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர் என்று வீட்டுத் தரை முழுக்கப் பரப்பினார். “சொந்த வீட்டுக்குள்ள செருப்பு போட்டு நடக்கறவன் நான் ஒருத்தன்தான். எங்க கால வச்சாலும் ஸ்க்ரூ குத்துது,” என்று அவர் கணவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மெத்தைக்காரர் கொண்டு வந்த கம்ப்யூட்டர் அவருடையது அல்ல, அவர் மனைவியுடையது. அந்த அம்மாவை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கண் தெரியாதவர்களுக்காகப் பாடப்புத்தகங்களைச் சத்தமாக வாசித்து, பதிவு செய்து, சிடியில் ஏற்றிக் கொடுக்கிறார். இப்போது வாசிப்பது சட்டப் புத்தகம். கேட்பவர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டர், பார்வை இல்லாதவர், பகலில் போன் இணைப்புக் கொடுத்துவிட்டு இரவில் சட்டம் படிக்கிறார். சாட்சியங்களைப் பற்றிய தாளில் போன தடவை தோற்றுப்போனார். பாதிப் பாடங்கள்தான் கையில் கிடைத்திருந்தன. இந்தத் தடவை திங்கட்கிழமை பரீட்சை. சனிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் பரீட்சை நடக்கும் ஊருக்குப் போகிறார். அதற்குள் கடைசிப் பாடங்களின் சிடி அவர் பையில் இருந்தாக வேண்டும்.

அன்றுதான் அந்தச் சனிக்கிழமை.

கம்ப்யூட்டரோ, சிடியில் எழுத ஆரம்பித்தால் பாதியில் உறைந்துவிடும். மவுஸ் நகராது. கடிகாரம் நின்றுவிடும். சுவிட்சை அணைப்பதைத் தவிர வழி இல்லை. எழுதிய சிடி குப்பைக்குப் போகும். முதல் தடவை கொண்டு வந்தபோது அக்கா உள்ளே இருந்த பட்டை வயரை மாற்றினார். கடையில் நன்றாக எழுதியது, வீட்டில் நின்றது. இரண்டாவது தடவை எழுதும் வேகத்தைக் குறைத்தார். கடையில் எழுதியது, வீட்டில் நின்றது. உள்ளே எதையாவது புதிதாக மாட்டினீர்களா என்று அக்கா கேட்டதற்குக் கணவன் மனைவி இருவரும் இல்லை என்றார்கள். அது பொய் இல்லை.

இரண்டாவது சிடியும் முழுசாக வந்தது. சனிக்கிழமைகளில் அக்காவின் கடை இருந்த கட்டடத்தின் வெளிக்கதவை மத்தியானமே பூட்டிவிடுவார்கள். டீச்சர் வாசிக்க வேண்டிய பாடங்களோ இன்னும் மீதி இருந்தன. அக்கா ஷட்டரை இழுத்தார்.

“இது இங்க வாயத் தொறக்காது. வாங்கண்ணே, அது வீட்லயே போய்ப் பாத்துருவோம்.”

வீட்டில் பதிவு செய்யும் அறை சின்னது. மூன்று சுவர்களிலும் மெத்தைக்காரர் பஞ்சு மெத்தைகளை நிறுத்திக் கட்டியிருந்தார். கைதட்டினால் சத்தம் எழுவதற்கு முன்பே செத்துவிடும். மேசையில் மைக், பக்கத்திலேயே கம்ப்யூட்டர். நான்காவது பக்கம் ஒரு ஜன்னல். அதற்கு அப்பால் சமையலறை. டீச்சர் வெந்நீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். வாசித்து வாசித்துத் தொண்டை கட்டியிருந்தது.

அக்கா மீட்டரை எடுத்து வீட்டு மின்சாரத்தை அளந்தார். சீராக வந்தது. கம்ப்யூட்டரைப் பழைய இடத்தில் வைத்து ஒரு சிடி எழுதினார். அலுங்காமல் எழுதி முடித்தது.

“போச்சு, இங்கயும் நல்ல பேரு வாங்கிருச்சு,” என்றார் மெத்தைக்காரர். “எங்க ரெண்டு பேரையும் பைத்தியக்காரங்களாக்காம விடாது போல.”

“அது இனிமேலா ஆக்கணும்?” என்றார் டீச்சர், வெந்நீரைக் கீழே வைக்காமல்.

அக்கா ஹெட்போனை எடுத்தார். எழுதிய சிடியை வழக்கம்போலச் சோதிக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போன வாரம் பதிவான பாடத்தை ஓடவிட்டார். டீச்சரின் குரல் காதருகே வந்தது. பக்கம் திருப்பும் சரசரப்பு. ஒரு விழுங்கல். தெருவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி. அக்கா கண்களை மூடிக்கொண்டார். மறுபடி ஓடவிட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, மேசைமேல் இரைந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“டீச்சர், வாசிக்கும்போதும் இது இங்கதானே இருக்கு?”

“அங்கயேதான்.”

“இதுக்குள்ள ஓடற ஃபேன் போடற சத்தத்துக்கு உங்க குரலே கேக்கக் கூடாது. சிடியில அந்தச் சத்தமே இல்ல. ஃபேனை என்ன பண்றீங்க?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெத்தைக்காரர் காதைச் சொறிந்தார். டீச்சர் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்றை இழுத்துக் கொண்டு வந்தார்.

அது கம்ப்யூட்டருக்குத் தைத்த மெத்தை உறை. கனத்த பஞ்சு, சீரான தையல், ஓரம் முழுக்க உருட்டுத் தையல். பொத்தான்கள் வரும் இடத்தில் காஜா எடுத்திருந்தது. சிடி தட்டு நீளும் இடத்தில் மட்டும் அளவெடுத்தாற்போல ஒரு திறப்பு. போன மாதம் ஆப்பரேட்டர், “டீச்சர், உங்க குரலுக்குப் பின்னாடி ஒரு மாவு மில்லு ஓடிக்கிட்டே இருக்கு,” என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கே மெத்தைக்காரர் உட்கார்ந்து தைத்துவிட்டார். கடைக்குக் கொண்டு வரும்போது வெள்ளைத் துணி அழுக்காகிவிடும் என்று அவர் கழற்றி வைப்பார். இன்று அக்கா வீட்டுக்கு வருகிறார் என்றதும், கம்ப்யூட்டருக்கு மெத்தை போட்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்பாரே என்று டீச்சர் ஒளித்து வைத்துவிட்டார்.

அக்கா சிரிக்கத்தான் செய்தார், ஆனால் அவர் கண் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. உறையைத் தடவிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒரு ஊசித் துளைகூட இல்லை. காற்று வெளியேற வேண்டிய இடமெல்லாம் பஞ்சு.

“கழட்டித் தூக்கிப் போட்டுரலாமா?” என்றார் மெத்தைக்காரர், குரல் இறங்கி.

“அய்யய்யோ, அவசரப்படாதீங்கண்ணே. இதுதான்னு இன்னும் நான் பாக்கல. மாட்டுங்க. டீச்சர், அடுத்த பாடத்த எப்பவும் போல வாசிங்க. முடிச்சதும் சேவ் பண்ணிட்டு, நிறுத்தாம சிடி எழுதுவோம்.”

டீச்சர் வாசித்தார். மற்ற இருவரும் சமையலறையில் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாக்கியத்தில் தொண்டை கமற, டீச்சர் நிறுத்தி, தண்ணீர் குடித்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசித்தார். பாடம் முடிந்தது. அக்கா உள்ளே ஓடி வந்து சிடியைப் போட்டார். பச்சைப் பட்டை கிளம்பியது. கொஞ்ச தூரம். இன்னும் கொஞ்சம். பாதியைத் தொட்டது. நின்றது. மவுஸ் நகரவில்லை. கடிகாரம் நகரவில்லை.

டீச்சரின் கை நெஞ்சுக்குப் போனது. மெத்தைக்காரர் தலையில் கைவைத்தார். அக்கா மட்டும் நாற்காலியிலிருந்து எழும்பிக் குதித்தார்.

“நின்னுருச்சு டீச்சர்! என் கண் முன்னாடியே நின்னுருச்சு!”

“இதுக்குப் போயி இப்படி ஒரு சந்தோஷமா?” என்றார் மெத்தைக்காரர்.

உறையை உருவினார்கள். உள்ளிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது. ரைட்டரின் உலோகத்தைத் தொட்ட அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இஸ்திரிப் பெட்டி போலக் கொதித்தது. நெடுநேரம் வாசித்ததில் ஏறிய சூடு போக இடமில்லாமல் உள்ளேயே நிற்க, அதன்மேல் எழுதும் வேலையும் சேர்ந்ததும் ரைட்டர் மயங்கி விழுந்திருக்கிறது. ரைட்டர் விழுந்தால் அதன் பதிலுக்காகக் காத்திருக்கும் கம்ப்யூட்டரும் உறைந்துவிடும். கடையிலோ அது ஆறிப்போய்த்தான் வந்து சேரும். அக்கா பக்கவாட்டு மூடியைத் திறந்து மேசை ஃபேனைத் திருப்பிவிட்டார். ஆறியதும் அதே பாடத்தை எழுதினார், முழுசாக வந்தது. “மறுபடி,” என்றார். அதுவும் வந்தது.

ஆனால் கடைசிப் பாடம் இன்னும் வாசிக்கப்படவில்லை. உறை போட்டால் கம்ப்யூட்டர் நின்றுவிடும்; போடாவிட்டால் மாவு மில் ஓடும். சமையலறை வழியாக விழுந்த வெயில் அறை ஜன்னலை விட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. அக்கா அந்த ஜன்னலையே பார்த்தார்.

“டீச்சர், உங்க ரூம்ல மைக் மட்டும் இருந்தாப் போதும்தானே?”

கம்ப்யூட்டர், மானிட்டர், கீபோர்டு எல்லாம் சமையல் மேடைக்குக் குடிபெயர்ந்தன. அக்கா பையிலிருந்து நீளமான வயரை எடுத்து மைக் வயரோடு பற்றவைத்தார். ஜன்னல் இடுக்கின் வழியே அதை விட்டு, ஜன்னல் கதவைச் சாத்தினார். இடைவெளியில் மெத்தைக்காரர் பஞ்சைத் திணித்தார். பதிவு செய்து போட்டுப் பார்த்தால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். அக்கா எதையும் பிடுங்கவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனார். பிரிட்ஜின் மின்சார வயரோடு அது ஒட்டிக் கிடந்தது. தூக்கி ஆணியில் மாட்டினார். முனகல் நின்றது.

இனி டீச்சர் வாசிக்க, பதிவு பொத்தானை மெத்தைக்காரர் அழுத்த வேண்டும். மெத்தை இல்லாத ஜன்னல் சுவரில் டீச்சர் பேனாவால் ஒரு தட்டு என்றால் ஆரம்பி, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. “இத்தனை வருஷத்துல இவரு நான் சொன்னதக் கேட்டு நடக்கப் போறது இதான் முதல் தடவை,” என்று சொல்லிவிட்டு டீச்சர் அறைக்குள் போனார்.

ஒரு தட்டு. மெத்தைக்காரர் வியர்த்த விரலால் அழுத்தினார்.

பாதிப் பாடத்தில் வாசலில் கைத்தடி தட்டும் ஓசை கேட்டது. பயணப் பையோடு ஆப்பரேட்டர் வந்துவிட்டார். அக்கா பாய்ந்து போய், ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் முழங்கையைத் தொட்டுப் படிக்கட்டில் உட்கார வைத்தார். உள்ளே பதிவு நடக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

இரண்டு தட்டு. உடனே சிடி உள்ளே போனது. நான்கு பேரும் சமையலறையில் நின்றார்கள். பச்சைப் பட்டை பாதியை நெருங்கியபோது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மெத்தைக்காரர் ஆப்பரேட்டரின் தோளைப் பிடித்தார்.

“எங்க இருக்கு?” என்றார் ஆப்பரேட்டர்.

“பாதியில,” என்றார் மெத்தைக்காரர். “தாண்டிருச்சு. தாண்டிப் போயிட்டே இருக்கு. முக்கால். அய்யோ, முக்கால் தாண்டிருச்சு தம்பி!”

தட்டு வெளியே நீண்டது. அக்கா ஹெட்போனை மாட்டி, ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் கேட்டார். சைக்கிள் மணிகூட இல்லாத சுத்தமான குரல். இன்று எழுதிய மற்ற பாடங்களையும் அப்படியே கேட்டார். அதற்குள் மெத்தைக்காரர் கத்திரியை எடுத்து அந்த வெள்ளை உறையின் ஓரத் துணியை வெட்டிவிட்டார். ஆப்பரேட்டரின் சிடிகளுக்கு அவர் துணிப்பை தைப்பது வழக்கம். எந்தப் பாடம் என்று விரலால் தெரிந்துகொள்ள, பையின் ஓரத்தில் நூல் முடிச்சுகள் போட்டுக் கொடுப்பார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பைகளைத் தைத்து முடிச்சும் போட்டார்.

கடைசிப் பையை அக்காவிடம் கொடுத்து, “நீங்களே குடுங்க,” என்றார்.

அக்கா அதை ஆப்பரேட்டரின் கையில் வைத்தார். அவர் கட்டைவிரலால் முடிச்சுகளைத் தடவி, இது கடைசிப் பாடம் என்று தெரிந்துகொண்டு, துணியின் மேலேயே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“சூடா இருக்கே அக்கா.”

“இப்பத்தான் எறக்கினோம் தம்பி. பத்திரமா கொண்டு போங்க.”

அவர் பயணப் பையின் ஜிப்பைத் திறந்து, துணிமணிகளுக்கு நடுவே இடம் செய்து, அதை உள்ளே வைத்தார்.