ஓன் போர்டா மாத்தின வண்டி

டாக்ஸியா ஓடின வண்டிய வாங்காதன்னு எனக்குச் சொல்லாத ஆள் எங்க ஆபீஸ்ல கிடையாது. ஜில்லா பிரிஞ்ச வருஷம் குமாஸ்தாவா சேந்தவன் நான். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துல பதினாலு வருஷம் பழகின முகங்க, என்னமோ நான் விஷம் குடிக்கப் போற மாதிரி சுத்தி நின்னுக்கிட்டாங்க. "மீட்டர் ரெண்டு சுத்து சுத்தியிருக்கும்பா" என்றார் ஒருத்தர். "ஸ்பிரிங் பட்டை செத்துருக்கும்" என்றார் இன்னொருத்தர். நான் யார் பேச்சக் கேட்டிருக்கேன், இதக் கேக்கறதுக்கு?

எனக்குக் கார் வேணும். காரணத்த மறைக்காம சொல்லிடறேன். என் வீட்டுக்காரிக்கு ஊரு கீழ்பென்னாத்தூர். அவங்க அப்பாவுக்கு நெல்லும் மல்லாட்டையும் போட நிலம் இருக்கு, டிராக்டர் இருக்கு. அவ தம்பி ஜீப் வச்சிருந்தான். ஒவ்வொரு விசேஷத்துக்கும் நாங்க பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு பஸ்ல போய் எறங்குவோம். வாசல்லயே மச்சினன் கேப்பான்: "இன்னா மாமா, சீட்டு கெடைச்சுதா, இல்ல தொங்கிக்கினே வந்தியா?" தமாஷாத்தான் கேப்பான். எனக்கு மட்டும் அது சுருக்குனு குத்தும். மாப்பிள்ளைன்னா ஒரு கெத்து வேணாமா?

கோயில் பக்கத்து ஸ்டாண்டுல ஒரு டிரைவர் தன்னோட அம்பாசடர விக்கறாருன்னு கேள்விப்பட்டுப் போனேன். வெள்ளை டீசல் வண்டி. பதினோரு வருஷமா அவரே ஓட்டினது. கண்ணு மங்கிட்டதால விக்கறாரு. இப்படி ஒரு வியாபாரிய நான் பாத்ததே இல்ல. வண்டியோட குறைய எல்லாம் அவரே வரிசையா சொல்றாரு. மூணாவது கியர் கொஞ்சம் மொரண்டு பண்ணும், மழையில இடது கதவோரம் தண்ணி கசியும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்ற ஜனங்கள ஏத்தி எறக்கி பின் சீட்டு அமுங்கிப் போச்சு. எல்லாம் சொல்லி முடிச்சிட்டுப் பின் கதவத் தொறந்து காட்டினாரு.

"இன்னொண்ணும் இருக்கு சார். ரெண்டு தபா வேலூர்லேர்ந்து பொணம் கொண்டாந்திருக்கேன். ஒண்ணு ஒரு பெரியவரு. ஒண்ணு சின்னப் பொண்ணு. வேற வண்டி கெடைக்காம அழுதுகினு நின்னாங்க, மனசு கேக்கல. மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவிட்டேன், எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுட்டேன். இருந்தாலும் மறைச்சி விக்கக்கூடாது பாருங்க."

நான் பெரிய இவனாட்டம் சிரிச்சேன். "அதெல்லாம் நான் நம்பறது இல்லீங்க" என்றேன். அடுத்த வாய்லயே, "எங்க வீட்ல யார்கிட்டயும் இதச் சொல்லிடாதீங்க" என்றேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு சாவியக் கையில குடுத்தாரு.

வாடகைக்கு ஓடற டி போர்டு வண்டிய, சொந்தத்துக்கு வச்சிக்கற ஓன் போர்டா மாத்தறதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். மஞ்சள் நம்பர் பலகை போய் வெள்ளைப் பலகை வந்துச்சு. கண்ணாடியில ஒட்டியிருந்த 'டூரிஸ்ட்'ங்கற எழுத்த நானே உக்காந்து பிளேடால சொரண்டினேன். மேல இருந்த கேரியரக் கழட்டினேன். பின் சீட்டுக்குப் புது உறை தைச்சிப் போட்டேன், மெரூன் கலரு. வீட்ல கேட்டதுக்கு, "ஒரு டாக்டர் வச்சிருந்த வண்டி, ஒரே கை" என்றேன். பொய் எவ்வளவு சுலபமா வந்துச்சு தெரியுமா? யோசிக்கக்கூட இல்ல.

பொய்ய வண்டியே காட்டிக் குடுக்கப் பாத்துச்சு. ஒரு பௌர்ணமி அன்னிக்கு சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டத்துல மாட்டி நிக்கறோம். படக்குனு பின் கதவு தொறந்துச்சு. ஒரு அம்மாவும் ரெண்டு பொண்ணுங்களும் பையோட ஏறி, என் பிள்ளைங்களத் தள்ளி உக்கார வச்சிட்டு, "டிரைவர் அண்ணன் வரலியா? சுத்தி வர எவ்ளோப்பா கேக்கற?" என்றாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "எறங்கும்மா, இது வீட்டு வண்டி!" என்று கத்தினேன். அந்த அம்மா பயந்து போய் எறங்கினாங்க. என் வீட்டுக்காரி முன் சீட்டுல இருந்து திரும்பிப் பாத்தா. "டாக்டர் வண்டியாச்சே, பேஷண்டுங்க ஏறிப் பழகியிருப்பாங்க" என்றேன். அவ எறங்கிப் போய்ப் பின் கதவச் சாத்திட்டு வந்தா. இப்ப நெனைச்சா அந்த அம்மாவுக்குக் கேட்ட இடத்துல கொண்டு போய் விட்டிருக்கலாம்னு தோணுது.

ஆனா வண்டிய நான் குறை சொல்ல மாட்டேன். சோத்துக்கு ஓட்டினவரு வச்சிருந்த வண்டி, ஆயில் மாத்தற நாள்ல ஆயில் மாத்தியிருக்காரு. ரோட்டுல ஒரு நாள் நின்னதில்ல. வாங்காதன்னு சொன்னவங்க வண்டியெல்லாம் மெக்கானிக் செட்டுல படுத்திருந்த காலத்துல, என்னுது ஒரு இழுவையில ஸ்டார்ட் ஆவும்.

அந்த வண்டி மேல என்னைவிட ஆசை வச்சவரு என் மாமனாரு. மொத நாள் கீழ்பென்னாத்தூர்ல கொண்டு போய் நிறுத்தினதும் சுத்திச் சுத்தி வந்து பானட்டத் தட்டினாரு. "இரும்புடா! எங்க மாப்ள வாங்கினது இரும்பு!" என்று மகன்கிட்ட சத்தமா சொன்னாரு. எனக்கு உச்சி குளுந்துபோச்சு. அதுக்கப்புறம் எங்க போனாலும் முன் சீட்டு அவருக்குத்தான். தெருவுல போறவங்களப் பாத்து, தேவையே இல்லாம கையாட்டுவாரு.

அடுத்த வருஷம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போச்சு. வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிக்கிட்டுப் போவேன். பின் சீட்டுல மகள் மடியில தலை வச்சிப் படுத்துக்கிட்டு, "தூளியாட்டம் போவுது மாப்ள" என்பாரு. அவரப் பெத்த அப்பன் மாதிரிதான் நெனைச்சேன். இதச் சொல்றதுக்கு எனக்கு யோக்கியதை இல்லன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

நாலாவது தடவை போனப்ப சேத்துக்கிட்டாங்க. மூணாம் நாள் காலையில பத்து மணிக்கு உயிர் போயிடுச்சு. காகிதமெல்லாம் முடிஞ்சி உடம்பக் குடுக்கறப்ப பன்னெண்டு. நல்ல வெயில். என் வண்டி வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டிருந்தது. உடம்ப எடுத்துக்கிட்டுப் போற வேன் ஒண்ணுகூட இல்ல, எல்லாம் வெளியூர் போயிருந்துச்சு. மச்சினன் அங்கயும் இங்கயும் ஓடிட்டு எங்கிட்ட வந்தான். சட்டையெல்லாம் வேர்வை.

"மாமா, வேன் வர்றதுக்கு நாலு மணி ஆவும்ங்கறாங்க. நம்ம வண்டியிலயே கொண்டு போயிடலாம். இப்பக் கெளம்பினா பொழுதோட எடுத்துடலாம்."

நான் வண்டியப் பாத்தேன். அந்த மெரூன் உறையப் பாத்தேன். ஊருக்குள்ள இந்த வண்டி பொணத்தோட நுழைஞ்சா, அப்புறம் சாகற வரைக்கும் அது பொணம் ஏத்தின வண்டிதான், அப்படின்னு ஒரு கணக்கு என் மண்டைக்குள்ள ஓடிச்சு. அந்த வண்டியில ஏற்கெனவே ரெண்டு பொணம் வந்திருக்குன்னு எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். நம்பறது இல்லன்னு சிரிச்சவன்தானே நான்!

"வீட்டு வண்டிடா" என்றேன். "பிள்ளைங்க உக்கார்ற வண்டி. அதுல போய் எப்படி? வேன் வரட்டும்."

அவன் என் மூஞ்சிய ஒரு நிமிஷம் பாத்தான். சண்டை போட்டிருந்தா நான் கொஞ்ச நேரத்துல ஒத்துக்கிட்டிருப்பேன்னு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். அவன் சண்டை போடல. வீட்டு வண்டியில பொணம் ஏத்தக்கூடாதுங்கறது அவனும் கேட்டு வளந்த பேச்சுதானே. "சரி மாமா" என்று சொல்லிட்டு, அப்பா பக்கத்துல போய் உக்காந்துட்டான். என் வீட்டுக்காரி தரையில உக்காந்து முந்தானையால அவரு மேல மொய்க்கற ஈய ஓட்டிக்கிட்டு இருந்தா. நாங்க பேசினது எல்லாம் அவ காதுல விழுந்துச்சு.

வேன் வர்றதுக்கு நாலரை ஆச்சு. அது வரைக்கும் என் வண்டி பத்தடி தள்ளி சும்மா நின்னுச்சு. "வா, முன்னாடி உக்காரு" என்று அவளக் கூப்ட்டேன். அவ போய் வேன்ல ஏறிட்டா. தம்பியும் ஏறிட்டான். காலி வண்டிய ஓட்டிக்கிட்டு வேனுக்குப் பின்னாலயே போனேன். போளூர் தாண்டறப்ப இருட்டிடுச்சு.

ஊர்ல மத்தியானத்துலேர்ந்து ஜனங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. பாடை கட்டி வச்சி, பூவெல்லாம் வாடிப்போச்சு. விளக்கு வச்சப்புறம் எடுக்கக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டதால, அவரு மறுநாள் வரைக்கும் வாசல்ல கெடந்தாரு. அந்த வெயில்ல அவ்வளவு நேரம் கெடந்த உடம்பு, மறுநாள் எப்படி இருக்கும்? மகள் கிட்டப் போய்க் கட்டிப்பிடிச்சி அழுவறதுக்குக்கூட விடல. "போதும்மா, தள்ளி நில்லு" என்று இழுத்துட்டாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.

ஒருத்தர்கூட என்னை ஒரு வார்த்தை கேக்கல. பந்தியில மொத எலை எனக்குத்தான் போட்டாங்க. கருமாதிக்குத் தாய்மாமன் வீட்டுக்காரங்க எல்லாம் வந்து மரியாதையா பேசினாங்க. மச்சினன் மட்டும் என்னைக் கிண்டல் பண்றத விட்டுட்டான். "வாங்க மாமா" என்பான், "சாப்ட்டீங்களா" என்பான், அவ்வளவுதான். அவன் என்னை நீங்க வாங்கன்னு கூப்பிட ஆரம்பிச்சது அதுலேர்ந்துதான்.

ஆறேழு மாசம் போயிருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. புதுசா மாத்தலாகி வந்தவரு. டாக்ஸியா ஓடின வண்டி ஒண்ணு வெலைக்கு வருது, வாங்கலாமா வேணாமா, நீங்க அனுபவஸ்தர், சொல்லுங்க சார் என்றாரு. நானும் அனுபவஸ்தன் ஆயிட்டேனா, ஆரம்பிச்சேன். ஓட்டினவனே வச்சிருந்ததா, முதலாளி ஒருத்தன் ஆள் வச்சி ஓட்டினதா, அத மொதல்ல கேளுங்க. மீட்டரப் பாக்காதீங்க, பெடல் ரப்பர் தேஞ்சிருக்கறதப் பாருங்க. ஜாஸ்தி பாலீஷ் போட்டிருந்தா கிட்டயே போவாதீங்க.

அவரு எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, கொஞ்சம் குரலத் தாழ்த்தி, "பொணம் கிணம் ஏத்தியிருப்பானோன்னுதான் சார் வீட்ல பயப்படறாங்க. உங்க வண்டியில அந்தத் தொல்லை இல்லையே?" என்றாரு.

என் வீட்டுக்காரி காபி டம்ளரோட நடையில வந்துக்கிட்டு இருந்தா. இல்லன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டு வருஷமா டாக்டர் வண்டின்னு சொன்ன வாய்தானே. ஏன்னு தெரியல, அன்னிக்கு என்னால முடியல.

"ரெண்டு ஏத்தியிருக்காங்க" என்றேன்.

வந்தவரு சூடு ஆறதுக்குள்ள காபியக் குடிச்சிட்டுக் கெளம்பிட்டாரு. நான் டம்ளர எடுத்துக்கிட்டு சமையக்கட்டுக்குப் போனேன். அவ எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னா.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வாங்கறப்பவே."

"யாரு அவங்க?"

"ஒரு பெரியவரு. ஒரு சின்னப் பொண்ணு. வேற வண்டி கெடைக்கலியாம்."

அவ திரும்பினா. கத்துவான்னு நெனைச்சேன், கத்தியிருந்தா நல்லாயிருக்கும். ரொம்ப நிதானமா, பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி சொன்னா: "அன்னிக்கு ஆஸ்பத்திரியில இத என்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா, எப்பவும் போல என் மடியில படுக்க வச்சிக்கிட்டு வந்திருப்பேனே எங்கப்பாவ."