பௌதியின் கூடை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவள் நான். ஒரு கடிதம் எழுதியே பல வருடங்கள் ஆகிவிட்டன. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கக் கூசுகிற எனக்கு, முகம் தெரியாத உங்கள் முன்னால் இத்தனை வரி எழுத என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு பால்கனியின் மூலையில் இப்போது இரண்டு கூடைகள் இருக்கின்றன. ஒன்று என்னுடைய நீல பிளாஸ்டிக் கூடை. இன்னொன்று பிரம்புக் கூடை, கைப்பிடியில் பழைய சேலைத் துணி சுற்றியது. அது போன வாரம்தான் வந்தது. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருக்கிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் விருதுநகர். என் கணவர் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டில், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் வேலை பார்த்தார். பொங்கலுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். ஒரு பொங்கலுக்கு அவர் வந்து இறங்கியபோது, எங்கள் மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்துச் சமாளித்தார். பிறகு கரும்பை உரித்து, துண்டு துண்டாக நறுக்கி அவளுக்குக் கொடுத்தார். அடுத்த கோடையிலேயே கரியாஹாட் கடைத்தெருவிலிருந்து பாலம் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் இரண்டு அறை பிடித்து எங்களைக் கூட்டி வந்துவிட்டார். கடைக்குப் பக்கத்திலேயே இருந்தால் நாலு தமிழ்க் குரல் கேட்டிருக்கும். அங்கே வாடகை எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை.

அந்தச் சந்தில் எங்களைத் தவிரத் தமிழ் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. எனக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. மொழி தெரியாததைக்கூடச் சமாளிக்கலாம். தப்பும் தவறுமாகப் பேசிப் பழகிக்கொள்ளும் துணிச்சல் உள்ளவர்கள் எங்கேயும் பிழைத்துக்கொள்வார்கள். நானோ சொந்த ஊரிலேயே கடைக்காரர் மீதிச் சில்லறை தர மறந்தால் கேட்காமல் வந்துவிடுகிறவள். கீழே இறங்கி ஒரு கட்டு கீரை வாங்கப் போவேன். கீரைக்காரர் ஏதோ கேட்பார். நான் சிரித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். கணவர் கடையிலிருந்து கொண்டு வரும் பருப்பும் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் தினமும் சமையல். தெருவில் கோவைக்காய் போலிருக்கும் பட்டலும் பூசணியும் தள்ளுவண்டியில் குவிந்து கிடக்க, வீட்டில் பாப்பா, "இன்னிக்கும் உருளைக்கிழங்காம்மா?" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உனக்கு இங்க ஒத்துவரலைன்னா சொல்லிரு. துர்கா பூஜை லீவுல கொண்டுபோய் விட்டுர்றேன். நீயும் பாப்பாவும் ஊர்லயே இருந்துக்கங்க. நான் முன்ன மாதிரி வந்து போய்க்கிறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ரொம்பத் தன்மையாகச் சொன்னார். 'சரி' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. பக்கத்தில் பாப்பா அவர் தட்டிலிருந்து அப்பளத்தை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

அந்தச் சந்தில் மாடியில் இருப்பவர்கள் சாமான் வாங்கக் கீழே இறங்க மாட்டார்கள். கயிற்றில் கூடையைக் கட்டி இறக்குவார்கள். காய், மீன், பால், செய்தித்தாள் எல்லாம் அதிலேயே ஏறி வரும். இது நமக்குச் சரிப்படும், முகத்துக்கு முகம் நிற்க வேண்டாமே என்று நானும் கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு நீலக் கூடையும் நைலான் கயிறும் வாங்கி வரக் கணவரிடம் சொன்னேன். மறுநாள் காய்வண்டி வந்தது. கூடையில் கயிற்றைக் கட்டினேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு இறக்கினேன். பாதிக்கு மேல் கையில் வேர்வை வழுக்கி கயிறு ஓடியது. கயிற்றின் இன்னொரு முனையைக் கம்பியில் கட்டவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கூடை வண்டியில் விழுந்தது. அத்தனை கயிறும் காய்காரரின் தலையில் விழுந்தது. தெருவே சிரித்தது. நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் எதிர்வீட்டு அம்மா, கையில் என் கூடையோடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். அண்ணியை இங்கே பௌதி என்பார்கள். அவர் தெருவுக்கே பௌதி. நெற்றியில் பெரிய பொட்டு, கையில் வெள்ளைச் சங்கு வளையல், முந்தானை முனையில் ஒரு கொத்துச் சாவி. அவர் நடந்தால் முதுகுக்குப் பின்னால் அது கலகலக்கும். உள்ளே நுழைந்ததிலிருந்து வாய் ஓயாமல் பேசினார். பேசிக்கொண்டே பால்கனிக்குப் போய், கயிற்று முனையைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக் கம்பி ஓரமாக நிறுத்தி, "ஜுரி நாமாவ்" என்றார். கூடையை இறக்கு என்று அர்த்தம். நான் கற்றுக்கொண்ட முதல் வங்காள வார்த்தை அதுதான்.

எங்கள் சந்து ரொம்பக் குறுகல். இந்த பால்கனிக்கும் அந்த பால்கனிக்கும் நடுவே நாலு ஆள் கைகோத்து நின்றால் முட்டும். அன்று முதல் காய்வண்டி வந்ததும் பௌதி எதிரே வந்து நின்றுவிடுவார். கத்தரிக்காய் வேண்டுமென்றால் நான் முந்தின நாள் காயின் காம்பைத் தூக்கிக் காட்டுவேன். கால் கிலோவா அரைக் கிலோவா என்று அவர் கையால் கேட்பார், நான் கையால் சொல்வேன். எனக்காகக் காய்காரரோடு சண்டை போடுவது அவர் வேலை. என்ன சொல்கிறார் என்று புரியாது. ஆனால் அந்த மனிதரின் முகம் போகிற போக்கைப் பார்த்தால், அவருடைய பூசணிக்காயை மட்டுமல்ல, அவர் பரம்பரையையே திட்டுகிறார் என்று தெரியும். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு குறைந்தது.

பௌதியின் மாமனார் அந்த பால்கனியில்தான் பகலெல்லாம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். நாலு தூறல் விழுந்தாலே காதை மூடும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொள்வார். நான் வேர்த்து வழிந்துகொண்டு நிற்பேன். என்னைப் பார்த்தால், "குட் மார்னிங், மெட்ராஸ்!" என்பார். மாலையானாலும் குட் மார்னிங்தான். நான் விருதுநகர் என்று சொல்ல வாய் வராமல் கும்பிடுவேன்.

பெரியவரால் சட்டென்று எழுந்து வந்து கதவு திறக்க முடியாது. அதனால் பௌதி மதியம் வெளியே போனால் வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவார். ஒருநாள் கீழே நின்று "ஜுரி நாமாவ்" என்று குரல் கொடுத்தார். இறக்கினேன். கூடையில் ஒற்றைச் சாவி ஏறி வந்தது. தரை பெருக்குவது போல் கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார். வேலைக்கார அம்மா வந்தால் கொடு என்று புரிந்துகொண்டேன். அவர் வீட்டுக்குக் கீழேயே இஸ்திரிக்காரர் இருந்தார், நன்றாகப் பேசுகிறவர். அவரிடமே கொடுத்திருக்கலாம். அந்தத் தெருவில் யாரோடும் பேசத் தெரியாத என்னிடம் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் என்று நான் பிறகும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

மழை விட்டிருந்த ஒரு மதியம். பௌதி பாங்கிக்குப் போயிருந்தார். அன்றும் சாவி என்னிடம் இருந்தது. துணி எடுக்க பால்கனிக்கு வந்த நான் எதிரே பார்த்தேன். செய்தித்தாள் கீழே கிடந்தது. பெரியவரின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கை தொங்கிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் வேர்வை. "தாத்தா" என்று கூப்பிட்டேன். என் குரல் அந்தச் சந்தைக்கூடத் தாண்டவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் சரிந்தார். பிறகு எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யாராவது ஓடியாங்களேன்! தாத்தா விழுறாரு! ஐயோ, ஓடியாங்க!" என்று கத்தினேன். தமிழில்தான். வேறு எதில் கத்துவேன்? என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. தெருவிலிருந்த அத்தனை தலையும் நிமிர்ந்தது. இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார். சாவியைக் கூடையில் போட்டு இறக்கினேன். அது நேராக இறங்காமல் சுற்றிச் சுற்றி இறங்கியது. எதிர் பால்கனியைக் கைகாட்டிக் காட்டிக் கத்திக்கொண்டே இருந்தேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் காய்காரர், முனையிலிருந்த மருந்துக்கடைக்காரர், இன்னும் யார் யாரோ.

பெரியவருக்குச் சர்க்கரை நோய். மதியம் சரியாகச் சாப்பிடாமல் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டதாம். மருந்துக்கடைக்காரர் தலையைத் தாங்கி இனிப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவதை இங்கிருந்தே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியவர் கண் திறந்த பிறகுதான், வெறும் கூடை தொங்கும் கயிற்றை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தேன்.

சாயங்காலம் பௌதி வந்தார். கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் பேசினார். நானும் பேசினேன், தமிழில். அவ்வளவு பேச்சு எனக்குள் இருந்ததே அன்றுதான் தெரிந்தது. பாப்பா பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் வங்காளம் கற்றுக்கொண்டிருந்தாள். நடுவில் புகுந்து, "அம்மா, உனக்கு வாய் இருக்குன்னு ஏன் இத்தனை நாளா சொல்லலைன்னு பௌதி கேக்குறாங்க" என்றாள். நான் சிரித்தேன். பௌதி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார், சாவிக்கொத்து கலகலத்தது. மறுநாள் காலையில் எதிரே நாற்காலி காலியாக இல்லை. "குட் மார்னிங், மெட்ராஸ்! லவுட் அண்ட் கிளியர்!" என்றார் பெரியவர். அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர், "பூஜைக்கு டிக்கெட் போடணும். என்ன சொல்ற?" என்றார்.

"போடுங்க. மூணு பேருக்கும் போடுங்க. திரும்பி வர்றதுக்கும் சேர்த்துப் போடுங்க."

"இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள திரும்பி வர்ற டிக்கெட்டா?" என்று கேலி செய்துவிட்டு, மூக்கைச் சிந்துகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பாப்பா இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அவள் அப்பாவோடு தினமும் ஏதாவது சண்டை. பௌதி அன்று வந்து கதவைத் தட்டியிருக்காவிட்டால் இந்தச் சண்டை ஏது என்று நினைத்துக்கொள்வேன். அவர் போட்ட முடிச்சு கம்பியில் அப்படியே இருக்கிறது. கயிறு வெயிலில் இற்றுப்போனபோது முடிச்சை அவிழ்க்க மனமில்லாமல், அதன் நுனியிலேயே புதுக் கயிற்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். தெருவில் கூடைகள் குறைந்துவிட்டன. போனில் சொன்னால் வாசலுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். எதிர்வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். பௌதி ஊரின் இன்னொரு கோடியில், சால்ட் லேக்கில் மகன் வீட்டோடு இருக்கப் போய்விட்டார்.

போன வாரம் சாமான் வண்டி கிளம்பிய பிறகு, கீழே நின்று "ஜுரி நாமாவ்" என்றார். இறக்கினேன். தன் பிரம்புக் கூடையை, கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்து, என் கூடையில் வைத்தார்.

"அங்க லிஃப்ட் இருக்கு, வாசல்ல காவல்காரன் இருக்கான். நான் கூடை இறக்கினா பைத்தியம்னு சொல்லுவாங்க. நீயே வச்சுக்கோ."

"நீங்க இல்லாம காய்காரர்கிட்ட யாரு சண்டை போடுவா, பௌதி?" என்று மேலிருந்து கேட்டேன். இப்போது எனக்கு வங்காளம் வரும்.

"நீ கத்து. நீ கத்தினா கரியாஹாட் வரைக்கும் கேக்கும்" என்றார். தெருவில் நின்ற இஸ்திரிக்காரர் தலையை ஆட்டிச் சிரித்தார். பௌதி காரில் ஏறும்போது முந்தானையில் சாவி எதுவும் இல்லை, சத்தமில்லாமல் ஏறினார்.

மறுநாள் காலை காய்வண்டி வந்தது. பௌதியின் கூடையை இறக்கினேன். அரைக் கிலோ பட்டலும் ஒரு கட்டு கீரையும் வாங்கினேன். ஒரு பட்டல் முற்றலாக இருந்தது, மாற்றித் தரச் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்.