அமேசனுக்குப் போக வந்த படகோட்டி

சுவிஸில், லொசானுக்குப் பக்கத்தில், ரெனான் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பயண முகவர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது, இந்த ஊர்க்காரர்கள் ஒரு படகில் ஏறுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம்தான். அமேசன் ஆற்றுப் பயணம் என்றால் கேட்கவே வேண்டாம். ஜனவரியில் வந்து விளம்பரப் புத்தகத்தை வாங்கிப் போவார்கள். பெப்ரவரியில், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் துண்டு ஒட்டித் திருப்பிக் கொண்டு வருவார்கள். பெரிய கப்பலா, சின்னப் படகா? பெரியதில் வைத்தியர் இருக்கிறார், நீச்சல் குளம் இருக்கிறது, அறைக்கு அறை பல்கனி. ஆனால் அது ஆற்றின் நடுவாலேதான் போகும். காடு தூரத்தில் ஒரு பச்சை மதிலாகத்தான் தெரியும். சின்னதில் இருபது பேர்தான். ஒடுங்கிய ஓடைக்குள்ளும் நுழைந்து குரங்கின் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம், நுளம்புக் கடியும் வாங்கலாம். இதை நான் நாளுக்கு மூன்று தடவை பிரெஞ்சில் ஒப்பிப்பேன். கடலையும் படகையும் என்னைப் போல வெறுக்கிற ஒருத்தியை இந்த வேலையில் இருத்திய விதியை நினைத்துச் சில நாள் எனக்கே சிரிப்பு வரும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஐந்தாவது தடவையாக வந்து என் முன்னால் உட்கார்ந்து, "நீங்கள் சின்னப் படகில் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார். ஒரு தடவை என்றேன். "மனிஃபீக்! அற்புதம்! எத்தனை நாள்?" படகில் மூன்று மணித்தியாலம், இறக்கிவிட்ட இடத்தில் இரண்டு நாள். "சாப்பாடும் சேர்த்துத்தானே?" இல்லை, மடாம். "வழிகாட்டி?" அவர் எங்களை இறக்கியதும் போய்விட்டார். ஆசிரியை கண்களை மூடித் திறந்து, இந்தக் காலத்தில் அப்படி ஒரு உண்மையான அனுபவம் கிடைப்பது அபூர்வம் என்று சொல்லி, சின்னப் படகுக்குக் கையெழுத்து வைத்தார். என் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அந்த உண்மையான அனுபவம் தொண்ணூறாம் ஆண்டு நடந்தது. எனக்குப் பதினைந்து வயது, தங்கச்சி ரெஜினாவுக்கு ஆறு. அப்பா அதற்கு முதலே காலமாகிவிட்டார். மன்னார்க் கரையில், இந்தியாவுக்கு அகதிகளை ஏற்றுகிற இரண்டு படகுகள் நின்றன, ஒன்று பெரிய ரோலர் மீன்பிடிப் படகு, மற்றது சின்ன பிளாஸ்டிக் போட். அம்மா பயத்தில் தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு குந்தியிருந்தா. எதில் ஏறுகிறீர்கள் என்று ஆரோ கேட்டபோது, இலங்கை நேவிக்குப் பெரியதுதான் முதலில் தெரியும் என்று சனம் கதைத்ததைக் கேட்டிருந்த நான், "சின்னன்" என்று சொன்னேன். எங்கள் ஊர்ச்சனம் எல்லாம் அப்படித்தான் நினைத்தது. சின்னப் போட்டின் முகப்பில் ஒரு பச்சைக் கிளி கீறியிருந்தது. கீறியவன் அதற்கு இரண்டு கண்ணையும் ஒரே பக்கத்தில் வைத்திருந்தான். போட்டை ஓட்டினவனின் முகம் எனக்கு நினைவில்லை, கிளியின் முகம் மறக்கவில்லை.

விடியப்போகிற நேரம் போட்டில் இருந்த ஒன்பது பேரையும் இடுப்பளவு தண்ணீரில் இறக்கினான். இது இந்தியா, மேலே ஏறி நில்லுங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வாறன் என்றான். சூரியன் வந்தபிறகுதான் பார்த்தோம். அது ஒரு மணல் திட்டு. பள்ளிக்கூட மைதானம் அளவுதான் இருக்கும், நாலு பக்கமும் கடல். தூரத்தில் ஒரு மீன்பிடி வள்ளம் போனது. நான் சட்டையைக் கழற்றி வீசப் போக, அம்மா என் கையைப் பிடித்துவிட்டா. அது நேவியாக இருந்தால்? அந்தப் பிள்ளை தண்ணீரோடு வரும்போது நாங்கள் இங்கே இல்லாவிட்டால்? சொன்ன சொல்லை நம்பி இரண்டு நாள் இருந்தோம். இரண்டாம் நாள் முற்பகல் ரெஜினா அம்மாவின் மடியில் இறந்துபோனாள். பின்னேரம் ராமேஸ்வரத்து மீனவர்கள் எங்களைக் கண்டு ஏற்றினார்கள். அந்தக் கரையில் ஒரு கோயில் காணியின் மூலையில், மணலில், அவளைப் புதைத்தோம்.

பதினாறு, பதினேழு வருடம் அந்த மனிதனை மனதுக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்தேன். கல்யாணம் முடித்து சுவிஸுக்கு வந்து, அம்மாவையும் எடுத்து, இரண்டு பிள்ளை பெற்று, பிரெஞ்சு படித்து, இவ்வளவுக்கும் நடுவில் அவன் குறையவேயில்லை. அப்போதுதான் ஒரு ஜூலை மாதம் நடுத்தர வயதுத் தமிழ்த் தம்பதி ஒன்று கடைக்குள் நுழைந்தது. அவர் பெயர் வின்சன்ற். ஜெர்மன் பேசுகிற பக்கத்தில், அட்லிஸ்வில்லில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மகள் ரெனானில் கல்யாணம் கட்டியிருக்கிறாள். இங்கே தமிழில் கதைக்கலாம் என்று அவள்தான் அனுப்பினாளாம். கல்யாணமாகி முப்பதாம் வருட நிறைவுக்கு அமேசன் பார்க்க வேண்டும் என்றார். விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் இருந்த பெரிய கிளியைக் கண்டதும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

"இஞ்ச பாருங்கோ, உங்கட போட்டுக் கிளி! இவர் கீறினது தெரியுமோ தங்கச்சி? ஒரு பக்கத்திலயே ரெண்டு கண்!"

"நான் மன்னாரில ஓட்டி, பிள்ளை," என்றார் அவர். "தொண்ணூறில பிரச்சினை துவங்கினதில இருந்து மூண்டு வருசம் இடைவிடாமல் ஓடினனான். எத்தினை சனத்தைக் கரைசேர்த்திருப்பன்! வாற மாதம் இங்க நடக்கிற மடுமாதா திருவிழாவில உங்கட லொசான் சனம் எனக்குப் பொன்னாடை போத்தப் போகுது."

என் கை விசைப்பலகையிலேயே இருந்தது. பெரிய கப்பல், சின்னப் படகு என்று ஒப்பிக்கிறதை ஒப்பித்தேன். யோசித்து அடுத்த கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அட்டையில் இருந்த கிளியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த ஒரு கிழமையும் நான் இருந்த சந்தோசத்தை இப்போது சொல்ல வெட்கமில்லை. ஆறு எந்த மாதத்தில் வற்றும், எந்தப் படகு மணலில் தட்டி நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வற்றுகிற காலத்தில் சின்னப் படகுகள் மூன்றாம் நாள் பயணிகளை ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, பறவை பார்க்கவிட்டு, மத்தியானம் வந்து ஏற்றும். அதில் ஆளைப் போடுவோமா? ஆனால் அங்கே குடை விரித்து, குளிர்ந்த பழச்சாறு கொடுப்பார்கள். திரும்ப ஏறும்போது வழிகாட்டி மூன்று தடவை தலை எண்ணுவான். என் ஆத்திரத்துக்கு அது காணாது. திருவிழா மேடையில், பொன்னாடை போர்த்துகிற நேரம், ஒலிவாங்கியைப் பறித்துச் சனத்துக்கு முன்னால் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுத்த அன்று பின்னேரம்தான் அம்மா என் நினைவில் குறுக்கே வந்து நின்றா. மரித்தோர் நாளில் அம்மா வருடா வருடம் இரண்டு மெழுகுதிரி ஏற்றுகிறவ. ஒன்று ரெஜினாவுக்கு. மற்றது அந்த ஓட்டிக்கு. அவன் தண்ணீர் எடுக்கப் போன வழியில் நேவி சுட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்திருப்பான், வாறன் என்று சொன்ன பிள்ளை வராமல் விடுமா என்பது அம்மாவின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் அம்மா பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறா. மேடையில் நான் வாய் திறந்தால், தன் பிள்ளை செத்தது ஒருவனின் அக்கறையீனத்தால் என்பதை அம்மா அறுபத்தைந்து வயதில் அறிய வேண்டிவரும். அன்றிரவே மேடை எண்ணத்தைக் கைவிட்டேன்.

அடுத்த கிழமை வின்சன்ற் தனியே வந்தார். முடிவெடுத்தாரா என்று கேட்டேன்.

"பெரிசையே போடு பிள்ளை. சின்னதுகளை நம்பேலாது. ஓடுறவனைப் பொறுத்தது."

"ஓம் அண்ணை. உங்கட கிளிப் போட்டில நாங்களும் ஏறினனாங்கள்," என்றேன். திட்டையும், இரண்டு நாளையும், ரெஜினாவையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, பக்கத்து மேசையில் ஒருத்தர் வெனிஸில் அறை பதிந்துகொண்டிருந்தார்.

அவர் முகம் சாம்பல் பூத்தது. "நேவி துரத்திக் கலைச்சது பிள்ளை. திரும்பி வரத்தான் நினைச்சனான். விடேல்லை."

"அதுக்குப் பிறகும் மூண்டு வருசம் இடைவிடாமல் ஓடினனான் எண்டு போன கிழமை நீங்கள்தானே சொன்னீங்கள். ஒரு நாளும் அந்தத் திட்டுப் பக்கம் எட்டிப் பாக்கேல்லையோ?"

அவர் பதிவுப் படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "நான் வந்து கொம்மாவின்ர காலில விழுறன் பிள்ளை. ஒருக்கா விடு," என்றார். கண்ணீர் உண்மையான கண்ணீர்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மா ஒரு நிமிடத்தில் மன்னித்துவிடுவா என்பதிலும் சந்தேகமில்லை. அதனால்தான் விடவில்லை.

"அம்மாவுக்கு நீங்கள் செத்த ஆள், அண்ணை. செத்த ஆளாவே இருங்கோ. திருவிழாவுக்கு வரக்கூடாது. பொன்னாடை வாங்கக்கூடாது. இந்தப் பக்கத்தில எந்தப் பூசையிலயும் உங்களைக் காணக்கூடாது. உங்கட மகளின்ர வீட்டுக்கு வந்தாலும் கோயிலுக்கு வரக்கூடாது. வந்தால் மைக்கில சொல்லுவன்."

சொல்லியிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியாது. படிவத்தைக் கையெழுத்து வைக்காமலே விட்டுவிட்டு எழும்பிப் போனார். பிறகு அமேசனுக்குப் போனாரா, எதில் போனார் என்பது எனக்குத் தெரியாது.

மடுமாதா திருவிழாவில், பாராட்டப்பட இருந்தவர் உடல்நலக் குறைவால் வரவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். "ஆரோ, பாவம். சுகமாகட்டும்," என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டா. நான் கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி, மரித்தோர் நாளன்று, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரெனான் மயானத்துக்குப் போனேன். எங்களுக்கு அங்கே கல்லறை இல்லை. எங்கள் பிள்ளை ராமேஸ்வரத்து மணலில் கிடக்கிறாள். நாங்கள் ஊர்பேர் தெரியாத வெள்ளைக்காரரின் சாம்பலைத் தூவுகிற நினைவுத் தோட்டத்தில், ஒரு ஓரமாக, எங்கள் விளக்கை வைக்கிறோம். அம்மா வழமைபோல இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்று, ரெஜினாவின் திரியை ஏற்றினா. குளிரில் விரல் விறைத்துவிட்டது. மற்றத் திரியை என்னிடம் நீட்டி, "அந்தப் பிள்ளையின்ரயை நீ ஏத்து," என்றா.

இத்தனை வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. வாங்கி, காற்று படாமல் கையால் மறைத்து, ஏற்றினேன். அந்த நேரம் அட்லிஸ்வில்லில் அவர் கடை திறந்து, வாழைக்காய் அடுக்கிக்கொண்டிருந்திருப்பார். அம்மா கண்ணை மூடி, அவருடைய ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றியைக் கொடுக்கும்படி ஆண்டவரை மன்றாடினா.

நான் மனதார, உரத்து, ஆமென் என்றேன்.